பழைய ஹைப்ரிட் கார்: சரிசெய்வதா, பிரித்து விற்பதா?

பன்னிரண்டு வயதான ஹைப்ரிட் கார், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார். ஒரு நாள் காலை டாஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரிகிறது. ஸ்கேனரைச் செருகிப் பார்த்தால் பி0ஏ80 என்று காட்டுகிறது. ஹைப்ரிட் பேட்டரியை மாற்று என்று அர்த்தம். மெக்கானிக் சொல்லும் தொகையோ, காரை இன்றைக்கு விற்றால் கிடைக்கும் தொகையை நெருங்குகிறது. செலவழித்து ஓட்டுவதா, பார்ட் பார்ட்டாகக் கழற்றி விற்றுவிடுவதா?

அந்த விளக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பள்ளியில் படித்த தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் நினைவிருந்தால் போதும்.

இரண்டாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸை எடுத்துக்கொள்வோம். பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் உலோகப் பெட்டிக்குள் 28 மாட்யூல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் 6 நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்கள். ஒரு செல்லுக்கு 1.2 வோல்ட். ஆக 168 செல்களும் தொடர் இணைப்பில் சேர்ந்து 201.6 வோல்ட் தருகின்றன. வோல்ட்டைப் பார்த்து மிரள வேண்டாம். மொத்தம் சேமித்து வைக்கும் ஆற்றல் 1.3 கிலோவாட் மணிதான். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றே கால் மணி நேரத்தில் தின்று தீர்த்துவிடும். அந்தக் கொஞ்சத்தையும் கார் முழுதாகத் தொடுவதில்லை. சார்ஜ் ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே இருக்கும்படி கணினி பார்த்துக்கொள்கிறது. நிரம்பி வழியவும் விடாது, காலியாகவும் விடாது. கைப்பேசி பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் களைத்துப்போக, இது பத்து வருடம் தாண்டி ஓடுவதற்கு இந்தக் கட்டுப்பாடு பெரிய காரணம்.

தொடர் இணைப்பில் எல்லாச் செல்களிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். நலிந்த செல்லுக்கென்று சலுகை கிடையாது. கார் மேடேறும்போது மற்றவை தெம்பாக இருக்க, கொள்ளளவு சுருங்கிய அந்த ஒன்று முதலில் காலியாகும். அதன் மின்னழுத்தம் மளமளவென்று சரியும். அப்புறமும் மற்றவை அதன் வழியாக மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டிருப்பதால், மோசமான நிலையில் அதன் முனைகள் தலைகீழாகவும் மாறலாம். பிரேக் அடிக்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து சார்ஜ் ஏற்றுகிறது. அப்போது கதை நேர்மாறு: அதே செல் முதலில் நிரம்பிவிடுகிறது, மேலும் வரும் மின்சாரம் வெப்பமாகிறது. அந்த வெப்பம் பக்கத்துச் செல்லையும் கெடுக்கிறது.

கணினி 168 செல்களையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டிரண்டு மாட்யூல்களாகச் சேர்த்து, 14 தொகுதிகளின் மின்னழுத்தத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட மிகவும் விலகினால் விளக்கு எரிகிறது. ஆக அந்தக் குறியீட்டின் பொருள், 'இந்த வரிசையில் ஒன்று ரொம்பப் பின்தங்கிவிட்டது' என்பது மட்டுமே. மற்ற பதின்மூன்றும் நன்றாக இருக்கின்றனவா, அடுத்து விழக் காத்திருக்கின்றனவா என்று அது சொல்லாது.

பெரும்பாலும் முதலில் விழுவது நடுவரிசை மாட்யூல்கள். ஓரத்தில் இருப்பவை பெட்டியின் சுவர் வழியாகச் சூட்டை இறக்கிவிடுகின்றன. நடுவில் மாட்டிக்கொண்டவைக்கு அந்த வழி இல்லை. ஒரு மின்விசிறி காருக்குள் இருக்கும் காற்றை இழுத்து இவற்றைக் குளிர்விக்கிறது. காற்று போகும் துளை பின் சீட்டின் பக்கவாட்டில் இருக்கிறது. அதை மறைத்துப் பையை வைப்பதும், வளர்ப்பு நாயின் முடி அதில் அப்பிக்கொள்வதும் பேட்டரியின் ஆயுளில் நேரடியாகக் கைவைக்கும் செயல்கள். அந்த விசிறியைத் துடைப்பதைவிட மலிவான பராமரிப்பு ஹைப்ரிட் காரில் இல்லை. விளக்கு எரிந்த பிறகு துடைத்துப் பயனில்லை என்பது வேறு விஷயம்.

பேட்டரிமீது பழிபோட்டுத் தப்பிக்கும் இரண்டு ஆசாமிகள் உண்டு. ஒன்று, மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகள். அவை பச்சை பூத்துப்போனால் கணினிக்குத் தவறான அளவு போகும். சுத்தம் செய்தால் விளக்கு அணைந்துவிடுவதும் உண்டு. இன்னொன்று சின்ன 12 வோல்ட் பேட்டரி. ப்ரியஸ் போன்ற காரில் அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை. கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியைச் சேர்க்கும் ரிலேக்களை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகளை) மூடுவதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் அது நலிந்தால் 'கிர்ர்' என்று இழுத்து எச்சரிக்காது. சம்பந்தமில்லாத விளக்குகள் நாலைந்து சேர்ந்து எரியும். பெரிய எஸ்டிமேட்டுக்குத் தலையாட்டும் முன் இதைச் சோதிக்கச் சொல்லிவிடுங்கள்.

சரி, கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றினால் என்ன? ஓடும், கொஞ்ச நாள். மீதி 27-ம் ஒரே வயது, ஒரே வெயில் தின்றவை. கடைசி மாணவனை வகுப்பைவிட்டு அனுப்பினால் அவனுக்கு முந்தியவன் கடைசி ஆகிவிடுவான். சில மாதங்களில் அதே விளக்கு, அதே குறியீடு, வேறு மாட்யூல். உண்மை நிலவரம் தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரே அளவு சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு நிமிடம் எரியவிட்டு, மின்னழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்வது பழகியவர்கள் செய்யும் எளிய சோதனை. 27 மாட்யூல்களும் ஒட்டி நின்று ஒன்று மட்டும் தனியே விழுந்தால் அதை மட்டும் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. அளவுகள் படிக்கட்டுபோல இறங்கிக்கொண்டே போனால் மொத்த பேட்டரி பேக்குக்கும் முதுமை வந்துவிட்டது.

இதை வீட்டு முற்றத்தில் செய்யலாமா என்று கேட்டால், பழக்கமில்லாதவர் தொடவே கூடாது என்பேன். ஆரஞ்சு நிற வயர் எல்லாமே உயர் மின்னழுத்தம். பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவினால் தொடர் இணைப்பு இரண்டு துண்டாகும், அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டிலும் ஆளைக் கொல்லும் வோல்ட் மிச்சமிருக்கும். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கிவைத்திருக்கும் மின்தேக்கிகள் வடியவும் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும்.

இப்போது பெட்டியைவிட்டு வெளியே வந்து முழுக் காரையும் பாருங்கள். ஓடுகிற காரும் ஒரு தொடர் இணைப்புதான். பேட்டரி, இன்வெர்ட்டர், எஞ்சின், பிரேக், பாடி எல்லாம் ஒரே சங்கிலி. ஒன்று அறுந்தால் வண்டி நின்றுவிடும். பேட்டரி விளக்கு எரிந்ததால் பேட்டரிதான் சங்கிலியின் கடைசி நலிந்த கண்ணி என்று ஆகிவிடாது. புது பேக் போட்டு ஆறாவது மாதம் எஞ்சின் போனால் இரண்டு செலவும் நம் தலையில்தான். ஆகவே பேட்டரிக்குப் பணம் கட்டும் முன் மற்ற கண்ணிகளை இழுத்துப் பார்க்க வேண்டும்.

எஞ்சினில் முதலில் பார்க்க வேண்டியது கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். வெளியே எங்கும் ஒழுகாமலே அளவு குறைகிறது, காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உதறுகிறது என்றால் எஞ்சினின் மேல்பகுதி இணைப்பை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது என்று சந்தேகப்படலாம். அதோடு பேட்டரியும் போயிருந்தால், என் கணக்கில் அந்தக் கார் ஓடி முடித்துவிட்டது. பிரேக்கில் ஒரு விசித்திரம் உண்டு. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பங்கை மோட்டாரே செய்வதால் பிரேக் பேட் பல வருடம் தேயாது. ஆனால் பிரேக் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் பம்ப் அமைப்பு வயதாகும். நின்றிருக்கும் காரில் பம்ப் சில விநாடிக்கொரு முறை முனகிக்கொண்டே இருந்தால் அடுத்த பெரிய செலவு வாசலில் நிற்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியின் நேர்மின்சாரத்தை 500 வோல்ட் வரை உயர்த்தி மூன்று கட்ட மாறுமின்சாரமாக்குகிறது. அதைக் குளிர்விக்கும் சிறு பம்ப் நின்றுபோனால் அதுவும் சூடேறித் திணறும். பம்ப் அற்ப விஷயம், இன்வெர்ட்டர் அப்படியில்லை. கடைசியாகக் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடத்தில் துரு அரித்திருந்தால் அதற்கு ஸ்பேர் கிடையாது.

எல்லாம் திடமாக இருந்தால்? 'பழுதுச் செலவு கார் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடு' என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சந்தை விலை, கண்ணால் பார்க்க முடியாத பழுதுகளுக்குப் பயந்து குறைத்துக் கேட்கப்படும் விலை. காரின் உள்நிலவரம் அறிந்த உங்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. பழுதுச் செலவை இனி ஓடக்கூடிய வருடங்களால் வகுத்து, அதே வருடங்களுக்கு வேறு கார் வைத்திருக்க ஆகும் செலவோடு ஒப்பிடுவதுதான் நேர்மையான கணக்கு.

கணக்கு தோற்றால் காரைப் பிரிக்கலாம். அப்போது இணைப்பு முறையே மாறிவிடுகிறது. ஸ்பேனர் பட்டதும் தொடர் இணைப்பு பக்க இணைப்பாகிறது: ஒன்று கெட்டால் மற்றதன் மதிப்பு விழாது. செத்த பேட்டரிக்குள்ளேயே நல்ல மாட்யூல்கள் இருபதுக்கு மேல் இருக்கலாம். புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. திருடர்கள் காருக்கு அடியில் புகுந்து அறுத்துப்போவது இதைத்தான். ஹெட்லைட், கதவு, கண்ணாடி, கணினி என்று பட்டியல் போட்டுக் கூட்டினால் தொகை முழுக் காரின் விலையைத் தாண்டிவிடும்.

அந்தக் கூட்டலை நம்பி இறங்குபவர்கள் ஏமாறுவது ஒரு முரணில். எந்தப் பாகம் அடிக்கடி கெடுகிறதோ அதைத்தான் எல்லாரும் தேடுவார்கள். ப்ரியஸின் டிரான்ஸ்மிஷன் ஒரு பொறியியல் அற்புதம்: ஒரு கோள் பற்சக்கரத் தொகுதி (நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சிறு சக்கரங்கள் சுழலும் அமைப்பு), இரண்டு மோட்டார்கள், கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை, ரிவர்ஸ் கியர்கூட இல்லை. மிக அரிதாகவே கெடும். அதனாலேயே வாங்க ஆள் வராது. எல்லாவற்றிலும் நன்றாகச் செய்த பாகம் காயலான் கடைக்கு எடைக்குப் போகும். முதல் மாதம் நாலைந்து சாமான் விற்கும். மீதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். எண்ணெய், கூலன்ட், ஏசி வாயு, வெடிக்கும் ஏர்பேக் எல்லாவற்றையும் முறையாக அகற்றும் வேலையும், பதிவை ரத்துசெய்யும் வேலையும் தனி. இடமும் பொழுதும் இல்லாதவர் காரை அப்படியே பிரிப்பவரிடம் கொடுத்துவிட்டு, வருகிற தொகையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நானே பிரிப்பேன் என்பவர்களுக்கு ஒன்று. அலாய் வீலுக்கு ஆள் உடனே வந்துவிடும், ஆனால் அதை முதலில் கொடுத்துவிடாதீர்கள். சக்கரமும் ஸ்டியரிங்கும் கடைசிவரை காரிலேயே இருக்கட்டும். அவை போய்விட்டால் மிச்சமிருக்கும் கூட்டை லாரியில் ஏற்றக் கிரேன் கூப்பிட வேண்டியிருக்கும்.