"அமர்வு நன்றாக இருந்தது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள்

மாநாட்டின் கடைசி நாள், கையில் பெட்டி, வாசலில் வண்டி காத்திருக்கிறது, அந்த நேரத்தில் யாரோ ஒரு கருத்துப் படிவத்தை நீட்டுவார்கள். நின்றபடியே எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டு, கீழே "மிக அருமை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். ஐஸ் ரிங்க்கின், அதாவது ஐஸ் மேல் சறுக்கி விளையாடும் அரங்கின், மெஷின் ரூமில் வேலை பார்த்துக்கொண்டே, பிற்பாடு இந்தத் துறை மாநாட்டில் பயிற்சி அமர்வுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்கார்ந்தபோதுதான் அந்தப் படிவம் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தது. அடுத்த வருடம் எந்த அமர்வு இருக்கும், எது போகும் என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

படிவங்களில் என்னதான் இருக்கும்? காபி ஆறிப்போயிருந்தது, பின்வரிசைக்குத் திரை தெரியவில்லை, பேச்சாளர் நன்றாகச் சிரிக்கவைத்தார். நாள் முழுக்க ஐஸ் மேலேயே கிடக்கிறவர்கள், அரங்கில் ஏசி அதிகம் என்று எழுதியிருப்பார்கள், அதைப் படித்து நாங்கள் சிரித்ததும் உண்டு. ஆனால் கேட்டதை வைத்துத் தன் தளத்தில் என்ன மாற்றப்போகிறார் என்று எழுதியவர்களைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

ஒரு வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மின்செலவைக் குறைப்பது பற்றி ஓர் அமர்வு, ஐஸை உறையவைக்கும் இயந்திரத்தில் ஓடுகிற நச்சு வாயுவான அமோனியா கசிந்தால் என்ன செய்வது என்று இன்னோர் அமர்வு. முதலாவதில் அழகான படங்கள், கலகலப்பான பேச்சு, மதிப்பெண் அள்ளியது. இரண்டாவதில் பேசியவர் மெல்லப் பேசுகிற மனிதர், வால்வு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாகப் போனார். "தெரிந்த விஷயம்தான்", "இழுவை", "பயமுறுத்துகிறார்" என்று கருத்துகள். மறு வருடம் அந்த அமர்வைக் காலை ஏழரைக்குத் தள்ளினோம், அதாவது முந்தைய இரவு விருந்துக்குப் போனவர்கள் யாரும் எழுந்திருக்காத நேரத்துக்கு. கூட்டம் வரவில்லை, அதற்கு அடுத்த வருடம் எடுத்தேவிட்டோம். எடுக்கலாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று விளக்க கனடாவின் ஃபெர்னி ஊரை நினைத்தால் போதும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இருக்கும் அந்த ஊரின் ஐஸ் அரங்கில் 2017 அக்டோபர் 17 அன்று அமோனியா கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு பேர் நகராட்சி ஊழியர்கள், ஒருவர் குளிரூட்டும் இயந்திர வேலைக்கு வந்தவர். அமோனியாவை வைத்துக் குளிரூட்டும் கருவியான சில்லரின் குழாய் ஒன்று அரித்துப்போய் விழுந்த சின்ன ஓட்டை வழியாக அமோனியா பிரைனுக்குள், அதாவது ஐஸுக்கு அடியில் ஓடுகிற உப்புக் கரைசலுக்குள், கலந்திருக்கிறது. அங்கே அழுத்தம் ஏறி, பிரைன் குழாயின் இணைப்பு பிரிந்து, எல்லாம் மெஷின் ரூமுக்குள் கொட்டியது. பழைய சில்லரை மாற்றும் திட்டம் முன்பே இருந்து தள்ளிப்போயிருந்தது, கசிவு இருப்பதும் தெரிந்தே இருந்தது. "தெரிந்த விஷயம்தான்" என்று படிவத்தில் எழுதுகிறோமே, தெரிந்திருப்பதற்கும் சில்லரை நிறுத்திவைப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள். அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் அப்படிப்பட்ட அமர்வுகள். அவை சுவாரசியமாக இருக்காது. மூன்றாவது தடவை கேட்கும்போது சலிக்கத்தான் செய்யும்.

காற்று பற்றிய அமர்வுக்கும் இதே கதிதான். பெட்ரோலிலோ புரொப்பேனிலோ ஓடுகிற ஐஸ் சீர்செய்யும் வண்டி (எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஸாம்போனி என்றே கூப்பிடுகிறோம்) கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் விடுகிறது. ஐஸுக்கு மேலே இருக்கிற குளிர்ந்த காற்று எளிதில் மேலே ஏறாது, சுற்றிலும் தடுப்புப் பலகை வேறு, புகை அங்கேயே தங்கிவிடும், குழந்தைகள் மூச்சு வாங்கி ஓடுகிற உயரத்திலேயே. நைட்ரஜன் டை ஆக்சைடின் தொல்லை உடனே தெரியாமலும் போகலாம். பல மணி நேரம் கழித்து வீட்டில் இருமல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வரும், அப்போது யாருக்கு ஐஸ் ரிங்க் ஞாபகம் வரும்? அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ளரங்கக் காற்றை அளந்து பதிவு செய்யவேண்டும் என்று விதியே இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு 20 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு), நைட்ரஜன் டை ஆக்சைடு 0.3 பிபிஎம் என்று வரம்பு வைத்து. இந்த அமர்வுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டு "புதிதாக ஒன்றுமில்லை" என்று எழுதிய ஒருவரை எனக்குத் தெரியும், நண்பர்தான். உங்கள் அளவிடும் கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

பயிற்சியை மதிப்பிட டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளைச் சொன்னார்: கேட்டவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் வந்ததா. நம் படிவங்கள் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகின்றன. அடுத்த மூன்றையும் அரங்க வாசலில் வைத்துக் கேட்கவும் முடியாது, சரி, ஆனால் கற்றாரா என்பதையாவது தொடலாமே.

எனக்கு இன்றும் மறக்காத ஒரு கருத்து உண்டு. அவசரகாலப் பயிற்சி பற்றிய அமர்வுக்கு மூன்று மதிப்பெண் போட்டு ஒருவர் எழுதியிருந்தார்: "நீங்கள் சொன்ன முறைக்கு நான்கு ஆள் வேண்டும். எங்கள் தளத்தில் இரவு நான் ஒருவன்தான். அலாரம் அடித்தால் நான் உள்ளே போகவேண்டுமா, வெளியே போகவேண்டுமா?" அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேச்சாளர்கள் எல்லாம் பெரிய அரங்கங்களிலிருந்து வருகிறவர்கள், கேட்பவர்களில் பலர் ஒற்றை ஆளாக இரவைத் தாண்டுகிறவர்கள். அடுத்த வருடம் தனியாளாக வேலை செய்பவர்களுக்கென்றே ஓர் அமர்வு வைத்தோம். அவர் கேள்விக்குப் பதில் "வெளியே போ, கதவை மூடு, உதவியைக் கூப்பிடு" என்பதுதான், ஆனால் அதை எந்தப் பேச்சாளரும் அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மின்செலவு அமர்வுக்குத் திரும்புகிறேன். அதில், ஐஸைச் சீர்செய்யச் சுடுதண்ணீருக்குப் பதில் குறைந்த சூட்டில் தண்ணீர் விடலாம் என்றொரு யோசனை. வழக்கமாக 60 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலும் சூடாக்குகிறோம், ஆகவே மிச்சம் பிடிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் சுடுதண்ணீரில் கரைந்த காற்று குறைவு, அதனால்தான் ஐஸ் தெளிவாக, கெட்டியாக வருகிறது. தண்ணீரில் உப்புகள் அதிகமுள்ள ஒரு தளத்தில் வேறெந்த ஏற்பாடும் செய்யாமல் சூட்டை மட்டும் குறைத்துப் பார்த்தவர் இரண்டு மாதம் கழித்து எழுதினார், ஐஸ் வெளுத்து, ஓரங்களில் பொடிந்தது என்று. அமர்வு முடிந்த அன்று அவரும் ஐந்துக்கு ஐந்துதான் போட்டிருந்தார். எனக்கு அந்த இரண்டாவது கடிதம்தான் உண்மையான கருத்து. அப்புறம் நாங்களே இரண்டு மாதம் கழித்து ஒரே ஒரு கேள்வியுடன் எல்லோருக்கும் எழுத ஆரம்பித்தோம்: என்ன செய்து பார்த்தீர்கள்? பதில் போடுகிறவர்கள் குறைவுதான். ஆனால் வருகிற ஒவ்வொன்றும் வாசலில் வாங்கிய ஒரு கட்டுப் படிவத்துக்குச் சமம்.

அதனால் அடுத்த தடவை பேனாவை எடுக்கும்போது, பேச்சாளரின் மனம் நோகுமே என்று யோசிக்காதீர்கள். உங்கள் தளம் எப்படிப்பட்டது, எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள், எந்த இடத்தில் புரியாமல் போனது, எதைச் செய்யவே முடியாது, இதை எழுதுங்கள். அமர்வு என்ற பெயரில் இயந்திரம் விற்றார்கள் என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள், எங்களுக்கும் சந்தேகம் இருக்கும், நாங்களாகச் சொன்னால் எடுபடாது.

அமோனியா அமர்வைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். அதே மெல்லப் பேசுகிற மனிதர், அதே வரைபடம். மதிப்பெண் இப்போதும் நடுத்தரம்தான். ஒரு படிவத்தில் "வால்வுகளின் வரிசை இன்னும் மனதில் நிற்கவில்லை, அடுத்த வருடமும் வருகிறேன்" என்று இருந்தது. நேரத்தைக் காலை பத்து மணி என்று போட்டிருக்கிறோம்.