ஐதரசன்: எரிபொருளா, மூலப்பொருளா?

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்கு ஐதரசன் பெரும்பாலும் ஒரு சத்தமாகவே அறிமுகமாகியிருக்கும். சோதனைக் குழாயில் இட்ட நாகத் துண்டுகளின்மீது ஐதான ஐதரோக்குளோரிக் அமிலம் பட்டதும் குமிழிகள் கிளம்புகின்றன. வெளிவரும் வாயுவை இன்னொரு குழாயில் சேகரித்து, அதன் வாயருகே எரியும் குச்சியைக் கொண்டுசென்றால் ‘பொப்’ என்ற ஒலி கேட்கிறது. ஆசிரியர் அதை ஐதரசனுக்கான சோதனை என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். சற்று நின்று பார்த்தால் அந்தக் குழாயில் இன்னும் மூன்று விடயங்கள் தெரியும். வாயுவைச் சேகரிக்கும் குழாய் எப்போதும் கவிழ்த்தே பிடிக்கப்படுகிறது. நிமிர்த்திப் பிடித்தால் ஐதரசன் கணப்பொழுதில் மேலேறிப் போய்விடும். எரிந்து முடிந்த குழாயின் உட்சுவரில் மெல்லிய ஈரப்படலம் படிந்திருக்கும். ஐதரசன் எரிந்தால் கிடைப்பது நீர் மட்டுமே. மூன்றாவதாக, குழாயில் தூய ஐதரசன் நிரம்பியிருந்தால் அது ஏறத்தாழ ஓசையின்றி எரியும். வளி கலந்திருந்தால்தான் சத்தம் வரும். இந்த மூன்றாவது விடயம் தொழிற்சாலைகளில் உயிர்காக்கும் விதியாகவே பின்பற்றப்படுகிறது.

இவையெல்லாவற்றுக்கும் ஆணிவேர், ஒரு புரோத்தனும் ஒரு இலத்திரனும் மட்டுமே கொண்ட அந்த அணுவின் எளிமையாகும். ஐதரசன் மூலக்கூறைவிட இலேசான மூலக்கூறு கிடையாது. வளியோடு ஒப்பிட்டால் ஐதரசன் வாயு ஏறத்தாழ 14 மடங்கு இலேசானது. இலேசான மூலக்கூறு வேகமாக ஓடும். அறை வெப்பநிலையில் ஒட்சிசன் மூலக்கூறு ஒன்று செக்கனுக்குச் சராசரியாக 450 மீற்றர் அளவில் பாயும்போது, ஐதரசன் மூலக்கூறு அதன் நான்கு மடங்கு வேகத்தில், அதாவது செக்கனுக்கு 1.8 கிலோமீற்றர் அளவில் பாய்கிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் வெப்பநிலை மிகவும் கூடுதலாக இருப்பதால், அங்குள்ள ஐதரசனில் மிக வேகமான ஒரு சிறு பங்கு, புவியீர்ப்பை வெல்லத் தேவையான செக்கனுக்கு 11.2 கிலோமீற்றர் வேகத்தை எட்டி விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. பிரபஞ்சத்தின் சாதாரண சடப்பொருளின் திணிவில் நான்கில் மூன்று பங்கு ஐதரசனாக இருந்தும், நாம் சுவாசிக்கும் வளியில் அது பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். பூமியில் எஞ்சியிருப்பது, ஒட்சிசனோடு சேர்ந்து நீராகவும் காபனோடு சேர்ந்து எண்ணெயாகவும் உயிர்ப்பொருளாகவும் கட்டுண்ட ஐதரசனே.

ஹென்றி கவென்டிஷ் 1766ஆம் ஆண்டில் இதைத் தனி வாயுவாக இனங்கண்டார். எரிந்து நீர் தருவதைக் கொண்டு இதற்குப் பெயரிட்டவர் லவோசியே. 1783 ஓகஸ்ட் மாதத்தில் ஜாக் சார்ள்ஸ் பாரிசிலிருந்து பறக்கவிட்ட பலூன் ஐதரசனால் நிரப்பப்பட்டது. அந்தப் பறத்தல் யுகத்தை முடித்து வைத்தது, 1937 மே 6ஆம் திகதி அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்ட்டில் தீப்பற்றிய ஹிண்டன்பேர்க் வான்கப்பல். அவ்விபத்தில் தரையிலிருந்த ஒருவர் உட்பட 36 பேர் இறந்தனர். ஆனால் கப்பலிலிருந்த 97 பேரில் 62 பேர் தப்பினர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இலேசான வாயு எரிந்தபடியே மேல்நோக்கிச் சென்றதற்கும் அவர்கள் தப்பியதற்கும் தொடர்புண்டு.

ஐதரசனின் ஆபத்தைப் புரிந்துகொள்ள, நம் சமையலறைச் சிலிண்டரிலுள்ள எரிவாயுவோடு அதை ஒப்பிடுவதே நல்லது. சமையல் எரிவாயு வளியைவிடப் பாரமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, அலுமாரிக்கடியிலும் வடிகாலிலும் தேங்கி நிற்கும். தொடர்மாடி வீடுகளில் கதவைத் திறந்து வைத்தும் அது வெளியேறாமல் கிடப்பது இதனாலேயே. ஐதரசனோ கூரைக்கு ஏறும். கூரையில் வழி இருந்தால் சில கணங்களில் கலைந்துவிடும், வழியில்லாவிட்டால் கூரையின் கீழேயே சேரும். எனவே ஐதரசனைக் கையாளும் கட்டடத்தில் காற்றோட்டத் துவாரம் மிக உயரமான இடத்தில் இருக்கவேண்டும். சமையல் எரிவாயு வளியில் ஏறத்தாழ 2 முதல் 9 வீதம் வரை கலந்திருக்கும்போதே தீப்பற்றும். ஐதரசனுக்கு அந்த எல்லை 4 முதல் 75 வீதம் வரை நீள்கிறது. அதைப் பற்றவைக்கத் தேவையான சக்தி 0.02 மில்லியூல் மட்டுமே. கைவிரலில் சுரீரென்று உணரப்படும் நிலைமின் பொறியில் இதைப்போல் பல மடங்கு சக்தி இருக்கிறது. தூய ஐதரசனின் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கு ஏறத்தாழப் புலப்படாது. சமையல் எரிவாயுவுக்கு நாற்றமூட்டுவதுபோல் இதற்கும் ஊட்டலாமே என்றால், ஐதரசனோடு சேர்ந்து அதே வேகத்தில் பரவக்கூடிய நாற்றப்பொருள் எதுவுமில்லை. வழக்கமான கந்தகச் சேர்வைகளோ, ஐதரசனிலிருந்து மின்சாரம் பெற உதவும் எரிபொருட் கலங்களின் ஊக்கியைப் பழுதாக்கிவிடும். எனவே மூக்கை நம்பாமல் உணரிக் கருவிகளை நம்பவேண்டியிருக்கிறது.

இவ்வளவு தொல்லை தரும் வாயுவை உலகம் ஏன் விரும்புகிறது என்றால், ஒரு கிலோகிராம் ஐதரசன் எரிந்து சுமார் 120 மெகாயூல் சக்தி தருகிறது. ஒரு கிலோகிராம் பெற்றோல் தருவது 44 மெகாயூல் அளவே. இந்த ஒப்பீடு பேச்சாளர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அவர்கள் விட்டுவிடுவது கனவளவை. ஐதரசனை வளிமண்டல அமுக்கத்தைப்போல் 700 மடங்குக்கு அமுக்கினாலும் ஒரு லீற்றரில் அடங்குவது ஏறத்தாழ 40 கிராம்தான். திரவமாக்கினால் 71 கிராம் அடங்கும். அப்போதும் ஒரு லீற்றர் பெற்றோலின் சக்தியில் கால்பங்குக்குச் சற்று மேல்தான் கிடைக்கிறது. அந்தத் திரவத்தைப் பெறுவதற்குப் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். பெரும்பாலான வாயுக்கள் அமுக்கத்திலிருந்து விடுபட்டு விரியும்போது குளிரும். ஐதரசன் அறை வெப்பநிலையில் அவ்வாறு விரிந்தால் சற்றுச் சூடாகிறது. ஆகவே முதலில் திரவ நைதரசன் போன்ற ஒன்றால் அதை நன்றாகக் குளிர்வித்த பின்னரே விரிவின் மூலம் மேலும் குளிர்விக்க முடியும். ஜேம்ஸ் டூவர் 1898இல்தான் இதைச் சாதித்தார். இன்றும் திரவமாக்கலுக்கு, அந்த ஐதரசனில் அடங்கிய சக்தியின் மூன்றிலொரு பங்களவு செலவாகிறது.

சேமிக்கும் பாத்திரமும் தன் பங்குக்குச் சிக்கல் தருகிறது. ஐதரசன் அணு மிகச் சிறியது என்பதால் உருக்கின் பளிங்கமைப்புக்குள் புகுந்து, காலப்போக்கில் அதை நொறுங்கும் தன்மையுடையதாக்குகிறது. இயற்கை வாயுவுக்காக அமைத்த குழாய்த்தொடரில் ஐதரசனை அப்படியே விட்டுவிடலாம் என்ற யோசனை கடதாசியில் எளிதாகத் தோன்றி, களத்தில் தடுமாறுவது இங்கேதான்.

இனி, இந்த வாயு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கலாம். 2023ஆம் ஆண்டில் உலகம் ஏறத்தாழ 9 கோடி 70 இலட்சம் தொன் ஐதரசனைப் பயன்படுத்தியது. அதில் பெரும்பகுதி, இயற்கை வாயுவிலுள்ள மெதேனை நிக்கல் ஊக்கியின்மீது உயர் வெப்பநிலையில் நீராவியோடு தாக்கமுறச் செய்து பெறப்படுகிறது. விளையும் ஐதரசனில் பாதி மெதேனிலிருந்தும் பாதி நீரிலிருந்தும் வருகிறது; மெதேனின் காபன் முழுவதும் காபனீரொட்சைட்டாக வெளியேறுகிறது. ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு 9 முதல் 10 கிலோகிராம் காபனீரொட்சைட்டு என்பது வழக்கமான கணக்கு. மின்னால் நீரைப் பிரிக்கும் மின்பகுப்பு 1800ஆம் ஆண்டிலிருந்து அறியப்பட்டதே. ஆயினும் சூரிய, காற்று மின்சாரத்தைக் கொண்டு அவ்வாறு பெறப்படும் பங்கு இன்னும் ஒரு வீதத்தை எட்டவில்லை.

மின்பகுப்பு நம் நாடான இலங்கைக்குப் புதியதன்று. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்பகுப்புச் செய்து எரிசோடாவும் குளோரினும் தந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை 1950களில் தொடங்கிப் போர் வரும்வரை இயங்கியது. உப்புக்கரைசலை மின்பகுக்கும்போது இவ்விரண்டோடு ஐதரசனும் விளையும். ஒரு தொன் குளோரினுக்கு 28 கிலோகிராம் என்பது இரசாயனச் சமன்பாட்டிலிருந்து நேரே கிடைக்கும் அளவு. கொழும்பில், சூரிய, காற்று மின்சாரத்தால் நீரைப் பிரித்துப் பெறும் ‘பச்சை ஐதரசன்’ பற்றிப் பேசும்போது, ஏதோ இன்றுதான் முதன்முதலாக நீரில் மின்னைப் பாய்ச்சப் போகிறோம் என்ற தொனி வருவது எனக்கு வியப்பையே தருகிறது.

இந்த ஐதரசன் எதற்குப் பயன்படுகிறது? வாகனங்களுக்கு அன்று, ஏறத்தாழ முழுவதும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் இரசாயன உற்பத்திக்குமே செல்கிறது. சுத்திகரிப்பு நிலையங்களில் அது டீசலிலுள்ள கந்தகத்தைப் பற்றி வெளியேற்றுகிறது. நிக்கல் ஊக்கியின் துணையோடு திரவத் தாவர எண்ணெயைக் கெட்டியாக்குவதும் அதுவே. தாவர எண்ணெயிலிருந்து மாஜரீன் செய்யப்பட்ட வழி இது. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் இந்திய ஏவூர்திகளின் தாழ்வெப்ப எந்திரங்கள் திரவ ஐதரசனையே எரிக்கின்றன. பெரிய அனல்மின் நிலையங்களின் மின்பிறப்பாக்கிகளைக் குளிர்விக்கவும் அது பயன்படுகிறது: வளியைவிட ஏழு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும், இலேசானது என்பதால் சுழலும் பகுதிக்குத் தடையும் குறைவு. தீப்பற்றும் வாயுவை மின்னோடும் எந்திரத்துக்குள் அடைப்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். ஆனால் தூய்மையை 95 வீதத்துக்கு மேல் வைத்திருக்கும்வரை அது 75 வீத எல்லைக்கு அப்பால் இருப்பதால் உள்ளே எரியவே முடியாது. பள்ளிக்கூடக் குழாயில் தூய ஐதரசன் சத்தமிடாததன் காரணமும் அதுவே.

எல்லாவற்றிலும் முக்கியமானது அமோனியா. பிரிட்ஸ் ஹேபர் 1909இல் ஆய்வுகூடத்தில் காட்டி, கார்ல் பொஷ் 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் தொழிற்சாலை அளவில் நிறுவிய முறையில், ஐதரசனும் வளியிலுள்ள நைதரசனும் இரும்பு ஊக்கியின்மீது 400 முதல் 500 பாகை வெப்பநிலையிலும் 150 வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அமுக்கத்திலும் சேர்ந்து அமோனியாவாகின்றன. யூரியா உரத்தின் நைதரசன் அங்கிருந்தே வருகிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை தளர்த்தப்பட்ட இந்த நாட்டில், ஐதரசன் என்றவுடன் காரைவிட வயலே முதலில் நினைவுக்கு வரவேண்டும் என்பது என் கருத்து.

கார்க் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். எரிபொருட் கலத்தில் ஐதரசன் எரிவதில்லை. பிளாற்றினம் பூசிய மின்வாயில் மூலக்கூறு பிரிந்து, புரோத்தன்கள் ஒரு மென்சவ்வின் ஊடாகவும் இலத்திரன்கள் வெளிச் சுற்றினூடாகவும் சென்று, மறுபுறத்தில் ஒட்சிசனோடு சேர்ந்து நீராகின்றன; வெளிச் சுற்றில் ஓடுவதே நமக்குக் கிடைக்கும் மின்சாரம். 2014இல் வந்த டொயோட்டா மிராய் கார் ஏறத்தாழ 5 கிலோகிராம் ஐதரசனைச் சுமந்து 500 கிலோமீற்றர் அளவில் ஓடும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச்சேர்ந்து சிறிது மிஞ்சும். அந்த 5 கிலோகிராமை மின்பகுப்பால் பெற ஏறத்தாழ 260 அலகு மின்சாரம் வேண்டும். அதே 260 அலகை நேரே மின்கலக் காரொன்றுக்கு ஏற்றினால், இழப்புகளைக் கழித்த பின்னும் 1,400 கிலோமீற்றர் அளவில் ஓடலாம். நீண்டதூரக் கப்பல்கள், உருக்காலைகள் போன்ற, மின்கலத்தால் சமாளிக்க முடியாத இடங்களில் ஐதரசனுக்கும் அமோனியாவுக்கும் நியாயம் உண்டு. கொழும்பு வீதியில் ஓடும் முச்சக்கரவண்டிக்கு இல்லை.

மிகுதி மின்சாரம் வீணாகத்தானே போகிறது என்று கேட்கலாம். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கேள்வி குறைந்தபோது, கூரைச் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை பாவனையாளர்களைக் கேட்டுக்கொண்டது. அந்த மின்சாரத்தை ஐதரசனாக்கியிருக்கலாம் என்பது கவர்ச்சியான எண்ணம்தான். ஆனால் விலையுயர்ந்த மின்பகுப்புத் தொகுதியொன்று ஆண்டில் சில நூறு மணித்தியாலங்கள் மட்டும் இயங்கினால், மின்சாரம் இலவசமாகவே கிடைத்தாலும் ஒவ்வொரு கிலோகிராமின்மீதும் முதலீட்டுச் செலவு ஏறிக்கொள்ளும். மன்னார்க் காற்றையும் பகல் வெயிலையும் மாறிமாறிப் பயன்படுத்தி நீண்ட நேரம் இயங்கினால்தான் கணக்குச் சரிவரும்.

அவ்வாறு கிடைக்கும் ஐதரசனை உரமாக்குவோம் என்றால், 50 கிலோகிராம் யூரியா மூட்டையொன்றைச் செய்யச் சமன்பாட்டின்படி 5 கிலோகிராம் ஐதரசன் தேவை. ஒரு மிராய்த் தாங்கி நிறையும் அதே அளவு. ஆனால் அம்மூட்டைக்கு 37 கிலோகிராம் அளவில் காபனீரொட்சைட்டும் வேண்டும். இயற்கை வாயுவில் இயங்கும் ஆலைக்கு அது தன் ஐதரசன் உற்பத்தியிலிருந்தே கிடைத்துவிடுகிறது. நீரிலிருந்து ஐதரசன் எடுக்கும் ஆலையோ ஒரு சீமெந்துத் தொழிற்சாலையின் புகைபோக்கியிலிருந்தாவது அதைப் பிடித்துவர வேண்டும். காபன் தேவைப்படாத அமோனியம் சல்பேற்றுக்கு மாறலாம். தேயிலைத் தோட்டங்களுக்கு அது பழகிய உரம். ஆனால் யூரியாவில் 46 வீதமாக இருக்கும் நைதரசன் அதில் 21 வீதம்தான். அதே நைதரசனைப் பொலன்னறுவையிலோ கிளிநொச்சியிலோ உள்ள ஒரு நெல்வயலுக்குக் கொண்டுசேர்க்க, ஒரு மூட்டை இருந்த இடத்தில் இரண்டுக்கு மேற்பட்ட மூட்டைகளை லொறியில் ஏற்றவேண்டியிருக்கும்.