விரித்தால்தான் தெரியும் படத்தின் எடை

பரணில் கிடந்த பழைய கணினி ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். ஓடியது. சும்மா இருக்கும் நேரத்தில் குடும்பப் படங்களை ஒன்று மாற்றி ஒன்று காட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று, கைப்பேசியில் எடுத்த நாற்பது படங்களை ஏற்றி, படம் காட்டும் ஸ்கிரீன்சேவர் ஒன்றையும் நிறுவினேன். முதல் படம் வருவதற்குள் ஹார்டு டிஸ்க் விளக்கு மூச்சு விடாமல் மினுக்கியது. இரண்டாவது படத்துக்குத் திரை கறுப்பாகவே நின்றுவிட்டது. வேறொரு ஸ்கிரீன்சேவரைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவதும் அப்படியே திணறிய பிறகுதான் உறைத்தது: நிரல்களைத் திட்டிப் பயனில்லை, பாரம் படத்தில் இருக்கிறது.

கோப்பின் அளவைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். 4 எம்பி என்று காட்டும் ஜேபெக் படம் சுருட்டி வைத்த பாய். திரையில் காட்ட வேண்டுமானால் அதை விரித்தாக வேண்டும். 12 மெகாபிக்சல் படம் என்றால் 4,000 புள்ளி அகலம், 3,000 புள்ளி உயரம். மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆக 3 கோடியே 60 லட்சம் பைட். ஒரு படம் மங்க மங்க அடுத்தது துலங்கி வர வேண்டும் என்று ஆசைப்பட்டால், இரண்டையும் ஒரே நேரத்தில் விரித்து வைக்க நேரிடும்: 7 கோடியே 20 லட்சம். என் கணினியின் 64 எம்பி ரேம், அதாவது வேலை நேர நினைவகம், முழுவதையும் கூட்டினாலும் 6 கோடியே 71 லட்சம் பைட்தான். அதிலும் இயங்குதளத்தின் பங்கு முன்பே போய்விட்டது. இடம் போதாதபோது, நினைவகத்தில் இருப்பதில் ஒரு பகுதியை இயங்குதளம் ஹார்டு டிஸ்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. விளக்கு மினுக்கியது அந்த அல்லாட்டத்தில்தான்.

இத்தனை பாடுபட்டு விரித்ததில் பெரும்பகுதி வீணாகிறது என்பது இன்னும் வேடிக்கை. 1,024-க்கு 768 திரையில் மொத்தமே 7,86,432 புள்ளிகள்தான். ஏறக்குறைய பதினைந்து புள்ளிகளை விரித்து, ஒரு புள்ளியாகச் சுருக்கிக் காட்டுகிறோம்.

சாமர்த்தியமாக எழுதப்பட்ட நிரல் இப்படிச் செய்யாது. ஜேபெக் முறை படத்தை 8-க்கு 8 கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்களாக எழுதி வைக்கிறது. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்து வருபவை, வரிசையில் போகப் போக நுணுக்கமாகும் ஏற்ற இறக்கங்கள். படத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்க வேண்டுமானால் முதல் எண் மட்டும் போதும். நான்கில் ஒன்று என்றால் இன்னும் சில எண்கள். நம் 4,000 புள்ளி அகலப் படம் நான்கில் ஒன்றானால் 1,000. திரையின் அகலத்துக்குக் கிட்டத்தட்ட சரி. முழுப் படத்தையும் நினைவகத்தில் ஒரு கணம்கூட விரிக்காமலே இது முடிகிறது. மற்ற நிரல்கள் ஜேபெக் படங்களைக் கையாளப் பயன்படுத்தும் லிப்ஜேபெக் என்ற திறந்த மூல நிரலகத்தில் இந்த வசதி நெடுங்காலமாக இருக்கிறது. ஸ்கிரீன்சேவரை எழுதுகிறவர் அதைப் பயன்படுத்த மனம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

படம் மங்கி மாறும் அழகுக்குத் தனிச் செலவு உண்டு. ஒவ்வொரு புள்ளியின் மூன்று நிறத்தையும் பழைய படத்திலிருந்து கொஞ்சம், புதிய படத்திலிருந்து கொஞ்சம் எனக் கலக்க வேண்டும். திரையில் ஒருமுறை காட்டும் காட்சிக்கு, அதாவது ஒரு சட்டகத்துக்கு, 23 லட்சத்துக்கும் மேற்பட்ட கலவைகள். நொடிக்கு 30 சட்டகம் என்றால் 7 கோடி. 300 மெகாஹெர்ட்ஸ் செயலிக்கு நொடிக்கு 30 கோடித் துடிப்புகள்தான். கலந்த பிறகு அதை, திரைக்குக் காட்சி தரும் திரை அட்டைக்கு அனுப்பவும் வேண்டும். அமைப்புகளில் முதலில் அணைக்க வேண்டியது இந்த மங்கல் வித்தையைத்தான். படம் சட்டென்று மாறினால் யாரும் குறைசொல்லப் போவதில்லை.

ஸ்கிரீன்சேவர் என்பது உண்மையில் என்ன? பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளில் ஒரே காட்சி நாட்கணக்கில் நின்றால் அந்த இடத்தில் ஒளிரும் பாஸ்பர் பூச்சு தேய்ந்து, நிழல் போல நிரந்தரத் தடம் விழும். அதைத் தடுக்கவே 1983-ல் ஜான் சோச்சா என்பவர் திரையை இருட்டாக்கும் சிறு நிரலை எழுதினார். இன்றைய தட்டைத் திரைகளுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் தேவையில்லை. மின்சாரத்தை மிச்சப்படுத்த வேண்டுமானால் திரையை அணைப்பதே வழி. எனவே படம் ஓட்டுவது நம் ஆசைக்காக என்று ஒப்புக்கொள்வோம்.

விண்டோஸில் எஸ்.சி.ஆர் என்று முடியும் ஸ்கிரீன்சேவர் கோப்பு வேறு பெயர் சூடிய இ.எக்ஸ்.இ நிரலேதான். நோட்பேடில் திறந்தால் இரண்டும் எம், இசட் என்ற அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும். விசைப்பலகையும் மவுசும் குறித்த நேரம் அசையாமல் இருந்தால் விண்டோஸ் அதை இயக்குகிறது. எந்த நிரலும் செய்யக்கூடிய எதையும் அது செய்யலாம், வைரஸ் உட்பட. பழைய விண்டோஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை என்பதால், முகம் தெரியாத இடத்து ஸ்கிரீன்சேவரை அதில் ஏற்றுவது கதவைத் திறந்து வைத்துத் தூங்குவதற்குச் சமம்.

தேடவே வேண்டாம் என்பதும் நடக்கலாம். விண்டோஸ் எக்ஸ்பியில் படத்தொகுப்பு ஸ்கிரீன்சேவர் உள்ளேயே இருக்கிறது. கோப்புறையைக் காட்டி, எத்தனை நொடிக்கு ஒரு படம் என்று சொன்னால் ஓடும். மாறும்போது வரும் வித்தைகளை நிறுத்தவும் அதிலேயே இடமுண்டு. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டவர்களுக்கு 1992 முதல் வளர்ந்துவரும் எக்ஸ்-ஸ்கிரீன்சேவர் இருக்கிறது. அதன் படக் காட்சி முப்பரிமாண வசதியை நம்பியிருப்பதால் திரை அட்டை ஓரளவு தேறியதாக இருக்க வேண்டும்.

கடைசியில் நான் செய்தது எளிய வேலை. புதிய கணினியில் வைத்து எல்லாப் படங்களையும் 1,024-க்கு 768-க்குள் அடங்கும்படி சுருக்கினேன். சில புதிய கைப்பேசிகள் படம் சேமிக்கும் ஹெய்க் வடிவில் இருந்தவற்றை ஜேபெக் ஆக்கினேன். பழைய நிரல்களுக்கு ஹெய்க் புரியாது. படிப்படியாகத் தெளியும் ஜேபெக் வகையைத் தவிர்த்துச் சாதாரண வகையில் சேமித்தேன், அதை விரிப்பது இலகு. இப்போது விரித்தாலும் ஒரு படம் 24 லட்சம் பைட்டைத் தாண்டாது. முன்பு திணறிய அதே முதல் ஸ்கிரீன்சேவர் தடுமாறாமல் ஓடியது.

ஒரே ஒரு குறை. பெரியப்பா மட்டும் படுத்துக்கொண்டே வந்தார். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும், பல நேரங்களில் படம் பக்கவாட்டிலேயே பதிவாகி, "திருப்பிக் காட்டு" என்ற குறிப்பு மட்டும் கோப்பில் ஒட்டிக்கொள்கிறது. புதிய நிரல்கள் அந்தக் குறிப்பைப் படிக்கின்றன, பழையவை கண்டுகொள்வதில்லை. அந்தப் படத்தின் புள்ளிகளையே திருப்பி மறுபடி சேமித்த பிறகு பெரியப்பா எழுந்து நின்றார்.