சொந்தமாகக் கட்டிய படகுக்கு சி.இ. விலக்கு: ஐந்தாண்டுக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது?

ஏழு ஆண்டுகளின் வார இறுதிகளைக் கொடுத்து, அலுமினியத்தில் இரட்டை உடல் கொண்ட எஞ்சின் படகைக் கட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். அதுதான் அவர் கட்டிய முதல் படகு. தண்ணீரில் இறக்கிய இரண்டாம் ஆண்டிலேயே முதுகுவலி அவரைப் படுக்க வைத்துவிட்டது, விற்க நினைத்தார். “கட்டத் தொடங்கி ஒன்பது ஆண்டு ஆகிறது, ஐந்தாண்டு விதியெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது” என்று தரகர் தைரியம் சொன்னார். முன்பணம் கைமாறியது. வாங்கியவர் பதிவு அலுவலகத்துக்குப் போனார். ஐரோப்பிய ஒன்றிய விதிகளுக்கு இணங்கியது என்று காட்டும் சி.இ. முத்திரை எங்கே என்று கேட்டார்கள். முன்பணம் வந்த வழியே திரும்பியது. படகு இன்னும் கரையில் நிற்கிறது.

விதி இவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள பொழுதுபோக்குப் படகுகள் 2013/53 எண் ஆணைக்குக் கட்டுப்பட்டவை. 2016 ஜனவரி 18 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் பிரிவு 2, தன் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கட்டிக்கொள்பவருக்கு வடிவமைப்பு, கட்டுமான நிபந்தனைகளிலிருந்து விலக்கு தருகிறது. பயன்பாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் படகைச் சந்தைக்கு விடக் கூடாது, அதாவது விற்கக் கூடாது என்பதே நிபந்தனை.

பயன்பாட்டுக்கு வந்த நாள் என்றால் ஒன்றியத்துக்குள் அதன் பயனர் அதை முதன்முதலாகப் பயன்படுத்திய நாள். தகடு வாங்கிய நாளும் இல்லை, முதல் வெல்டிங் போட்ட நாளும் இல்லை. கொட்டகையில் கிடந்த ஏழு ஆண்டுகளும் கணக்கில் பூஜ்யம். அந்த நாளைக் காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். கிரேன் வாடகைச் சீட்டு, துறைமுகத்தில் இடம் பிடித்த ரசீது, காப்பீடு தொடங்கிய தேதி ஆகியவற்றில் குறைந்தது இரண்டு கையில் இருக்கட்டும். “எல்லோருக்கும் தெரியுமே” என்பது எந்த அலுவலகத்திலும் செல்லாது.

அடுத்த பொறி “கட்டிக்கொள்பவர்” என்ற சொல்லில் இருக்கிறது. படகைப் பெரும்பாலும் அதன் வருங்காலப் பயனரே கட்டியிருக்க வேண்டும் என்கிறது ஆணை. பெரும்பாலும் என்றால் நூற்றுக்கு எத்தனை? எண் எதுவும் சொல்லப்படவில்லை. எண் இல்லாத இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் மனநிலைதான் எண். முதல் முறை கட்டுகிறவர்கள் பலர், அலுமினிய வெல்டிங்குக்குப் பயந்து, உடல்கள் இரண்டையும் ஒரு பட்டறையில் செய்து வாங்கி, அறைகளையும் மின்கம்பிகளையும் மட்டும் தாங்களே செய்கிறார்கள். அந்தப் படகை “நானே கட்டினேன்” என்று நிறுவுவது கடினம். வேறொருவர் பாதியில் கைவிட்ட கூட்டை வாங்கி முடிப்பவருக்கும் இதே சிக்கல். வெட்டித் தரப்பட்ட தகடுகளை வாங்கி நீங்களே பற்றவைத்தால் உங்கள் நிலை வலுவாக இருக்கும். பொருள் ரசீதுகள் உங்கள் பெயரில் இருக்கட்டும். வேலை செய்யும்போது நீங்களும் படத்தில் விழுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

எஞ்சின் விஷயத்தில் ஏமாந்தவர்களே அதிகம். சொந்தமாகக் கட்டிய படகுக்கு ஒலி விதியிலும் விலக்கு உண்டு. ஆனால் படகை நீங்கள் கட்டியதாலேயே அதில் பொருத்தும் எஞ்சினுக்குப் புகை விதியில் விலக்கு வந்துவிடாது; எஞ்சினையும் சொந்தப் பயன்பாட்டுக்காகவே கட்டியவருக்குத்தான், அதே ஐந்தாண்டு நிபந்தனையோடு, அது உண்டு. பழைய லாரி எஞ்சினைக் கழற்றிக் கடலுக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்தும் யோசனை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள். சி.இ. முத்திரையும், விதிக்கு இணங்குகிறது என்று தயாரிப்பாளர் எழுதித் தரும் இணக்க அறிவிப்பும் உள்ள எஞ்சினை வாங்குங்கள். அறிவிப்பின் நகல் வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

இனி அலைச்சல். பதிவு அலுவலகம் இணக்க அறிவிப்பு கேட்கும். அதைப் பெற, படகைச் சோதித்துச் சான்று தரும் மதிப்பீட்டு அமைப்பிடம் போனால், “உங்களுக்குத்தான் விலக்கு இருக்கிறதே, நாங்கள் எதற்கு?” என்பார்கள். திரும்பி வந்தால், “விலக்கு என்று எழுதி வாங்கி வாருங்கள்” என்பார்கள். அப்படி எழுதித் தரும் பொறுப்பை ஆணை யாருக்கும் கொடுக்கவில்லை. இந்தச் சுற்றில் மூன்றாவது தடவை போகாதீர்கள். பிரிவு 2, இரண்டாம் பத்தி, முதல் பகுதி, ஏழாம் இனத்தைக் குறிப்பிட்டு, நானே கட்டினேன், இந்தத் தேதியில் இறக்கினேன், என் பயன்பாட்டுக்கே வைத்திருக்கிறேன் என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் எழுதச் சொன்னதும் விதியைப் புரட்டிப் பார்க்கிறார்கள். அலைச்சல் தாங்காமல் இணையத்தில் சி.இ. தகடு வாங்கி ஒட்டிவிடாதீர்கள். விலக்கு பெற்றவர் விதி மீறியவராக மாற அந்த ஒரு தகடு போதும்.

நம் கட்டுமரம் என்ற சொல்தான் உலகைச் சுற்றிவிட்டு, இரட்டை உடல் படகின் பெயரான கேட்டமரானாகத் திரும்பியிருக்கிறது என்பார்கள். அன்று நாலு மரத்தைக் கட்டி ஏறிப்போனவரிடம் யாரும் கோப்பு கேட்கவில்லை. உங்களிடம் கேட்பார்கள்.

ஐந்தாண்டுக்குள் விற்றே ஆக வேண்டுமென்றால், விற்பவர் முதலில் கட்டி முடித்த பின் செய்யும் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற அமைப்பு உங்கள் ஒரே படகைக் கணக்குப் போட்டு, சோதித்து, சான்று தரும். “வாங்குபவர் செய்துகொள்ளட்டும்” என்று தள்ளிவிட முடியாது. செலவு அதிகம், அதில் ஒரு பங்கு, உள்ளே மறைந்துவிட்டதைத் திரும்பத் திறந்து காட்டுவதற்கே போகும். விற்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் இந்த மதிப்பீடு நாளையே வரும் என்று நினைத்துக் கட்டுங்கள்.

தகடு 5083 என்ற அலுமினியக் கலவை என்று நீங்கள் சொன்னால் போதாது. அதைத் தயாரித்த ஆலையின் சான்று வேண்டும். வெட்டுவதற்கு முன் தகட்டில் அச்சிட்ட எண்ணைப் படம் எடுங்கள். வெல்டிங் சூட்டில் 5083 தன் வலுவில் ஒரு பங்கை இழக்கும். 6082 கலவையில் செய்த சட்டகங்கள் மூட்டின் அருகே ஏறக்குறைய பாதியை இழக்கும். கணக்கைப் பற்றவைத்த நிலையின் வலுவில் போடாதவரின் வரைபடம் முதல் பக்கத்திலேயே திருப்பி அனுப்பப்படும். இரண்டு உடல்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள்தான் முறுக்கு விசையைத் தாங்குகின்றன; அவற்றின் ஒவ்வொரு மூட்டையும், மேலே காப்புப் பஞ்சு ஒட்டுவதற்கு முன், அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பல உடல் படகுகளின் கட்டமைப்புக்குச் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12215-இன் ஏழாம் பகுதியும், ஆறு மீட்டரும் அதற்கு மேலும் உள்ள பாயில்லாப் படகின் நிலைத்தன்மைக்கு ஐஎஸ்ஓ 12217-இன் முதல் பகுதியும் இருக்கின்றன. வரையும்போதே அவற்றைப் பின்பற்றினால் பின்னால் கண்ணீர் குறையும்.

தங்கும் வசதியுள்ள இரட்டை உடல் படகு கவிழக்கூடியது என்றால், கவிழ்ந்த நிலையில் வெளியேற வழி இருக்க வேண்டும். உங்களுடையது கவிழாது என்றால் அதைக் கணக்கால் காட்ட வேண்டும். கட்டி முடித்த அலுமினியக் கூட்டில் பின்னாளில் வழி வெட்டியவர்களிடம் அந்த அனுபவத்தைக் கேட்டுப் பாருங்கள். எடையும் அப்படித்தான். வரைபட எடையை நம்பாமல், இறக்கும் நாளில் கிரேனில் எடைக்கருவி மாட்டச் சொல்லிச் சீட்டு வாங்குங்கள்.

விளம்பரத்தில் “பி வகை” என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். படகு எந்தக் கடல் நிலையைத் தாங்கும் என்று காட்டும் எழுத்து அது. பி என்பது பியூஃபோர்ட் காற்று அளவில் எட்டாம் எண் காற்றும் நான்கு மீட்டர் அலையும் வரை. சி என்பது ஆறாம் எண் காற்றும் இரண்டு மீட்டர் அலையும் வரை. அந்த எழுத்து மதிப்பீட்டுக்குப் பிறகு கிடைப்பது.

மதிப்புக்கூட்டு வரி செலுத்தப்பட்டதற்கும் உங்கள் பொருள் ரசீதுகளே சாட்சி. கடை ரசீது வெயிலில் இரண்டு ஆண்டில் வெளுத்துவிடும் தாளில்தான் வருகிறது. வாங்கிய அன்றே நகல் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.