ஏறுமா என்றுதான் கேட்கிறீர்கள், இறங்குமா என்று கேட்பதில்லை

"பாஸ், இந்தக் கார் மேடு ஏறுமா?"

இரண்டாவது காருக்கு யோசனை கேட்டு ஹட்டனில் என் கராஜுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். வீட்டில் வேனோ கெப் வண்டியோ ஏற்கனவே நிற்கும். பிள்ளைகளை ஸ்கூலில் விட, டியூஷனுக்குக் கூட்டிப்போக, அம்மாவைக் கிளினிக்குக் கொண்டுபோக, மனைவியும் ஓட்டக்கூடிய மாதிரி சின்னதாக ஒன்று வேண்டும். ஏறுமா, லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், விற்றால் விலை போகுமா. மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கார் ஒழுங்காக இறங்குமா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

இந்த மாதம் வந்த ஒரு காரைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. தலவாக்கலைப் பக்கம் படிப்பிக்கிற ஒரு டீச்சருடையது. கணவரிடம் வேன் இருக்கிறது. இவருக்கென்று கொழும்பிலிருந்து ஆட்டோ கியர் கார் ஒன்று எடுத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளோடு நுவரெலியாவிலிருந்து றம்பொடைப் பக்கம் இறங்கும்போது முன் சக்கரத்தில் கருகிய வாசம் வந்திருக்கிறது, அப்புறம் புகை. நிறுத்தலாம் என்று மிதித்தால் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் காரை உரசவிட்டு நிறுத்தியிருக்கிறார். ரோட்டின் மற்றப் பக்கம் பள்ளத்தாக்கு.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக் பேட் இரண்டும் மேலே இறுகிப் பளபளத்துக் கிடந்தன, நகத்தால் கீறினாலும் தூள் வரவில்லை. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் உள்ளே கறுத்த தண்ணீர். கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "அதை மாற்றவும் வேண்டுமா பாஸ்? குறைந்தால்தானே ஊற்றுவது?" என்றார் கணவர். "இறங்கும்போது கியர் எதில் இருந்தது டீச்சர்?" "டியில்தான் (D). வேறு எதில் போடுவது?"

அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. விற்றவர் சொல்லவில்லை, பார்த்து வாங்கிக் கொடுத்தவரும் சொல்லவில்லை. காரின் கையேடு ஜப்பான் மொழியில் டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது. என் கோபமெல்லாம் 'மேடு ஏறினால் மலைநாட்டுக்குப் போதும்' என்கிற அந்த நினைப்பின் மேல்தான்.

மேடு ஏற முடியாத கார் என்ன செய்யும்? மெதுவாகப் போகும். பின்னால் வருகிறவன் ஹோன் அடிப்பான். மிஞ்சிப்போனால் சூடேறி நிற்கும், நீங்கள் இறங்கி ஓரமாக நிற்பீர்கள். யாருக்கும் உயிர் போகாது. உயரம் கூடக் கூடக் காற்று ஐதாகும் என்பதால் டர்போ இல்லாத எஞ்சின் 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் பலம் இழக்கும் என்பது உண்மைதான். 1868 மீட்டரில் இருக்கிற நுவரெலியாவுக்குப் போய்ச் சேரும்போது ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்டப் போய்விடும். அப்படிப் போனாலும் 796 சிசி ஆல்டோ நாலு பேரோடு இரண்டாம் கியரில் ஏறத்தான் செய்கிறது. நம் ரோட்டில் ஏறாத சின்னக் கார் என்று இன்று விற்பனையில் எதுவும் இல்லை. அதனால் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள்.

இறக்கத்தைக் கணக்குப் பார்ப்போம். கம்பளை 500 மீட்டர் உயரம்கூட இல்லை. நுவரெலியாவிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் கார் சுமார் 1400 மீட்டர் கீழே இறங்குகிறது. ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகிற சக்தி, 40 லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கை டயரும் எதிர்க்காற்றும் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினோ பிரேக்கோ வாங்கியே ஆகவேண்டும். எஞ்சினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, நாள் முழுக்கத் தாங்கும். சின்னக் காரின் பிரேக் டிஸ்க்கோ சாப்பாட்டுக் கோப்பை அளவுதான். டியில் விட்டுவிட்டு முடக்குக்கு முடக்கு பெடலை மிதித்தால் அத்தனை சூடும் அந்தக் கோப்பைக்குத்தான் போகும்.

அந்தச் சூட்டில்தான் பழைய பிரேக் ஆயில் கைவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், பெடல் தரைக்குப் போய்விடும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டொட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 பாகைக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது தரம், ஈரம் ஏறினால் அது 140க்கு இறங்கிவிடும். டொட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. மழையும் பனியும் குறையாத நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அப்பாமார் இருக்கிறார்கள். இது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இப்போதுள்ள இன்ஜெக்ஷன் கார் (பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து விடுகிற வகை) கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் வரத்தே நின்றுவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றவைக்கும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் எரிந்துகொண்டே இருக்கும். அதாவது நீங்கள் காசையும் செலவழித்து பிரேக்கையும் எரிக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

நானுஓயா ரதல்ல குறுக்கு ரோட்டில் 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேரின் உயிர் போனது. அந்த விபத்தின் காரணத்தைப் பேச நான் வரவில்லை. அந்தச் சரிவில்தான் நம் பெண்களும் பிள்ளைகளும் சின்னக் காரில் போய்வருகிறார்கள் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

சரி, காரைப் பார்க்கப் போகும்போது கியர் கோலை முதலில் பாருங்கள். மெனுவல் என்றால் கவலை குறைவு. எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்குக்குப் பாதி வேலைதான் இருக்கும். சிவிடி (படிப்படியாக இல்லாமல் தொடர்ந்து மாறுகிற ஆட்டோ கியர்) என்றால் டிக்குக் கீழே எல் (L), பி (B), எஸ் (S) என்று ஏதாவது இருக்கும். அதில் போட்டதும் கார் தன்னைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி இழுக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடும். அது கெடுதல் இல்லை, பயந்துபோய் மறுபடி டிக்கு மாற்றிவிடாதீர்கள். மெனுவல் கியர்பொக்ஸையே மெஷின் மாற்றுகிற ஏஜிஎஸ் வகைக் கார்களில் எம்-இல் போட்டு இரண்டாம் கியரில் பிடித்து வைக்கலாம். ஆனால் அவற்றில் பல மேட்டில் நின்று கிளம்பும்போது பின்னால் உருளும். ஹேண்ட்பிரேக் பிடித்துக் கிளம்பப் பழக வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்தே காரைச் சரிவில் நிறுத்தி வைக்கிற பழக்கம் கிளட்சைத் தின்றுவிடும்.

ஹைபிரிட் விரும்பிகளுக்கு ஒரு வார்த்தை. அக்குவா மாதிரிக் கார்கள் இறங்கும்போது பெட்டரியைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு வேகத்தையும் அடக்கும், அருமையான வேலை. ஆனால் அந்தப் பெட்டரி சின்னது. நல்ல இறக்கத்தில் சில கிலோமீட்டருக்குள் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு அந்த உதவி குறையும், சுமை பிரேக்குக்கு வரும். நீண்ட இறக்கம் தொடங்கும்போதே பி-யில் (B) போட்டுவிடுங்கள். மின்சாரக் கார் வைத்திருந்து, வீடும் மலை உச்சியில் இருந்தால் இரவில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றாதீர்கள். காலையில் இறங்கும்போது சக்தியை வாங்கிக்கொள்ள இடமிருக்காது.

என் விருப்பத்தைக் கேட்டால், மெனுவல் ஓட்டத் தெரிந்தவருக்கு ஆல்டோ. உதிரிப்பாகம் எந்த டவுனிலும் கிடைக்கும், தரையிலிருந்து 160 மில்லிமீட்டர் உயரம் இருப்பதால் தோட்டத்து ரோட்டில் அடி தட்டுவது குறைவு. ஆட்டோ கியர்தான் வேண்டும் என்றால் 1000 சிசி விட்ஸ். 140 மில்லிமீட்டர் மட்டும் இருக்கிற அக்குவாவை லயத்துக்குப் போகிற கல் ரோட்டில் ஓட்டவேண்டியவர்கள் வாங்க வேண்டாம். 658 சிசி ஜப்பான் வேகன் ஆர் நல்ல கார்தான், ஆனால் அந்த வகைக் கார்கள் ஜப்பான் சட்டப்படி நான்கு பேருக்கு மட்டும் கட்டப்பட்டவை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு ஆறு பேரை அடைத்துக்கொண்டு இறங்கும்போது, கூடிய எடையெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலம் முழுக்க அதே கார்கள்தான் கைமாறிக்கொண்டிருந்தன. பொலிஷ் பண்ணி, சீட் கவர் போட்டு நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். டொட் (DOT) என்று தொடங்குகிற வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018இன் 23ஆம் வாரம். கட்டை தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருந்தால் ஈர ரோட்டில் பிடிக்காது. 2025 நவம்பர் டித்வா புயல் வெள்ளத்துக்குப் பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள், கார்பட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். பெல்ட்டின் அடியில் சேற்றுக்கோடு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கொழும்பில் போய் காலி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து 'நல்லா ஓடுது பாஸ்' என்று சொல்லாதீர்கள். சமதரையில் எல்லாக் காரும் நல்லாத்தான் ஓடும். விற்பவர் சம்மதித்தால் கடுகண்ணாவைக்காவது கொண்டுவந்து, நாலு பேரை ஏற்றி ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கி நின்றதும் நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் போய் வாசம் பிடியுங்கள். டிஸ்க்கில் கை வைக்காதீர்கள், தோல் போய்விடும். பிறகு நல்ல சரிவில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் மட்டும் போட்டுப் பாருங்கள். இவ்வளவுக்கும் சம்மதிக்காதவரிடம் கார் வாங்கவே வேண்டாம்.

வாங்கிய பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் கவலை. வேனுக்கு ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை தவறாமல் சர்விஸ். வேன் சம்பாதிக்கிறது, கார் வீட்டுக்குத்தானே என்று காரை விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகள் போவது அந்தக் காரில். மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கிற கார் என்றால் எஞ்சின் சூடாவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எஞ்சின் ஆயிலை மாற்றுங்கள், வாரத்தில் ஒரு நாளாவது கொஞ்சத் தூரம் ஓட்டுங்கள். சரிவில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கார் ஹேண்ட்பிரேக்கில் நின்றதும் மறுபடி பிரேக்கை மிதித்துப் பார்க்குக்கு (P) மாற்றுங்கள். நேரே பார்க்கில் (P) போட்டால் காரின் எடை முழுக்க கியர்பொக்ஸுக்குள் இருக்கிற ஒரு சின்ன இரும்புப் பல்லில் தொங்கும். (நிறுத்தியே வைத்திருக்கிற காரில் எலி வயரைக் கடிப்பது எங்கள் ஊரில் தனிக் கதை. பொனட்டை அடிக்கடி திறந்து பாருங்கள்.)

கார் வாங்கிக் கொடுக்கிற அண்ணன்மாரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சாவியைக் கொடுத்துவிட்டு உங்கள் வேலைக்குப் போய்விடாதீர்கள். ட்ராஃபிக் இல்லாத ஒரு காலையில் மனைவியோ தங்கச்சியோ ஓட்ட, நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே எல்லிலோ (L) பி-யிலோ (B) போடச் சொல்லுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், முடக்குக்கு முன்னால் ஒரு தடவை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு காலை எடுக்கப் பழக்குங்கள். கருகிய வாசம் வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஸ்கூலுக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று சொல்லி வையுங்கள். ஏற்கனவே கார் வாங்கிவிட்டவர்கள் இந்தக் கிழமையே பக்கத்துக் கராஜில் பிரேக் ஆயிலின் ஈரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.