பொக்க யொக்கெ: தமிழில் பிசகுத்தடை

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே, இசிபிங்கோவை ஒட்டிய புரோஸ்பெக்டனில் டொயோட்டா ஆலை இருக்கிறது. ஹைலக்ஸ் பாக்கி, அதாவது பின்னால் சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி, உருவாவது அங்கேதான். அந்த ஆலைக்கும் அதற்கு உறுப்பு செய்துகொடுக்கும் பட்டறைகளுக்கும் சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் பக்கமிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு கைசன், கன்பன், ஆண்டன் போன்ற ஜப்பானியச் சொற்கள் புதிதல்ல. கைசனைத் ‘தொடர் மேம்பாடு’ என்று தமிழில் சொல்லிவிடலாம், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். சண்டை வருவது, வேலை செய்பவரின் கைத்தவறு பழுதாக மாறாமல் தடுக்கும் ஏற்பாட்டைக் குறிக்கும் ‘போகா யோகே’யில்.

முதலில் எழுத்து. இரண்டு உயிருக்கு நடுவில் வரும் ஒற்றைக் ககரத்தை நாம் மெலித்துத்தான் படிப்போம், ‘போகாத’ என்பதில் வருவதைப்போல. ஜப்பானியத்தில் அது வல்லோசை, ஒகரமும் குறில். ஆகவே ஒலிக்கு நெருக்கமான எழுத்து ‘பொக்க யொக்கெ’. படித்ததும் பொக்கைவாய் நினைவுக்கு வந்தால் நல்லதுதான், சொல் மறக்காது.

‘பொக்க’ என்பது கோ, ஷோகி என்னும் ஜப்பானியப் பலகையாட்டங்களின் பேச்சு. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர், கண்ணெதிரே இருப்பதைக் கவனிக்காமல், வைக்கவே கூடாத இடத்தில் காயை வைத்துவிடுவார். அந்தச் சறுக்கலுக்குப் பெயர் பொக்க. ‘யொக்கெ’ விலக்குதல், தவிர்த்தல் என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ஆட்டம் தெரியாதவன் தோற்பது பொக்க ஆகாது. தெரிந்தவன் கை வழுக்கினால்தான் பொக்க.

இதைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தவர் ஷிகெயோ ஷிங்கோ (1909–1990) என்ற பொறியாளர். 1961இல் யமாதா எலக்ட்ரிக் ஆலையில் ஒரு சிறிய சுவிட்சில் தொல்லை. சுவிட்சுக்கு இரண்டு பொத்தான். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஸ்பிரிங். பெரிய பெட்டியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து எடுத்துப் பொருத்திக்கொண்டே போகும்போது எப்போதாவது ஒன்று விட்டுப்போகும். ‘கவனமாக இருங்கள்’ என்று அதட்டினால் சில நாள் சரியாக இருக்கும், பிறகு பழைய கதை. ஷிங்கோ சொன்ன மாற்றத்துக்கு ஒரு சிறு தட்டு போதுமாக இருந்தது. வேலையைத் தொடங்குமுன் பெட்டியிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்துத் தட்டில் வை, பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்து. முடிக்கும்போது தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் சுவிட்சுக்குள் ஒன்று குறைகிறது என்று அர்த்தம். ஆயிரம் ஸ்பிரிங் கிடக்கும் பெட்டியில் ஒன்று கூடுதலாக இருப்பது கண்ணில் படாது. வெறும் தட்டில் ஒன்று கிடந்தால் படும்.

அப்போது இதற்குப் பெயர் ‘பக்க யொக்கெ’. ‘பக்க’ என்றால் முட்டாள். 1963இல் அரகாவா என்ற கார்க்கூண்டு ஆலையில், இடது உறுப்பும் வலது உறுப்பும் மாறிவிடுவதைத் தடுக்க ஒரு கருவி பொருத்தி, இது முட்டாள்தடுப்பு என்று மேற்பார்வையாளர் விளக்கியிருக்கிறார். பகுதிநேரமாக வேலை செய்த பெண் ஒருவர், நான் அவ்வளவு முட்டாளா என்று அழுதுவிட்டார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. இதைக் கேள்விப்பட்ட ஷிங்கோ ‘பக்க’வை எடுத்துவிட்டு, முட்டாளுக்கும் அறிவாளிக்கும் பொதுவான ‘பொக்க’வைப் போட்டார்.

டர்பன் இருக்கும் நேட்டாலில் வாழும் தமிழருக்கு இது சிறு விஷயமாகத் தோன்றாது. 1860இல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களின் கைக்குப் போனது கூலி. நம் மொழியில் அது உழைப்புக்கான சம்பளம். அதே ஒலியே கரும்புத் தோட்டத்தில் ஆளுக்குப் பெயராகி, பிறகு வசையாகவும் ஆகிவிட்டது. வேலையிடத்தில் ஒட்டும் பெயர் வீட்டு வாசல்வரை கூடவே வரும். ஆகவே ‘முட்டாள்தடுப்பு’, ‘மூடர்காப்பு’ போன்ற மொழிபெயர்ப்புகளைத் தயங்காமல் தள்ளிவிடலாம். ஜப்பானியரே 1963இல் கைவிட்டதை நாம் ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

மிச்சமிருப்பவை தவறு, பிழை, குற்றம், பழுது, பிசகு. ‘குற்றம்’ காவல் நிலையத்துக்குப் போய்விடும். ‘தவறு’ தெரிந்து செய்வதற்கும் பொருந்தும். ‘பிழை’ நெருங்கி வருகிறது, எழுத்துப்பிழை என்கிறோமே. ஆனால் பிழை என்றதும் விளைவுதான் மனதில் நிற்கிறது, அதாவது தாளில் ஏற்கெனவே விழுந்துவிட்டது. ‘பழுது’ முழுக்க விளைவு, கெட்டுப்போன பொருள். ‘பிசகு’ மட்டும்தான் நழுவும் அந்தக் கணத்தைப் பிடிக்கிறது. நரம்பு பிசகிவிட்டது, கைப்பிசகு, அச்சுப் பிசகாமல், இம்மியும் பிசகாமல். எல்லாவற்றிலும் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒன்று கொஞ்சம் விலகுகிறது, அவ்வளவுதான். ஆளைக் குறைசொல்லும் வாடை இல்லை. ‘கை தவறிவிட்டது’ என்று பேச்சில் சொல்லும்போதும் தவறுவது கைதான், ஆள் இல்லை.

ஷிங்கோவின் கருத்தும் பிசகு, பழுது என்ற இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில்தான் நிற்கிறது. மனிதன் கை பிசகுவதை நிறுத்த முடியாது. பிசகு பழுதாக மாறுவதை நிறுத்தலாம். ஆகவே பொக்க யொக்கெ = பிசகுத்தடை. ‘பிழைத்தடுப்பு’ என்று எழுதியிருந்தாலும் பொருள் விளங்கும், திருத்தச் சொல்லமாட்டேன். ‘பிழை நீக்கம்’ என்றால் திருத்தியே ஆகவேண்டும். நீக்கம் என்பது வந்தபின் எடுப்பது. இது வராமல் மறிப்பது.

நல்ல பிசகுத்தடை ஒன்றைப் பார்க்க ஆலைக்குப் போக வேண்டாம். தென்னாப்பிரிக்க வீட்டுச் சுவரில் இருக்கும் பெரிய மூன்றுமுனை பிளக் போதும். மூன்றும் உருண்டை முனைகள். மேலே இருக்கும் நில முனை (எர்த்) மற்ற இரண்டைவிடப் பருமன். அவை சுமார் 7 மி.மீ. என்றால் இது 8.7 மி.மீ. அளவில் இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் மின்னோட்டத் துளைக்குள் போகாது. நீளமும் அதிகம், அதனால் செருகும்போது நிலத்தொடர்பு முதலில் கிடைக்கும், பிடுங்கும்போது கடைசியில் விடும். அலுவலகங்களில் இருக்கும் சிவப்பு சாக்கெட் இன்னும் ஒரு படி மேல். கணினிக்கென்று தனியாக இழுத்த இணைப்பு அது. அதன் நிலத்துளையில் ஒரு பக்கம் தட்டை, அதற்கேற்பத் தட்டையாக்கிய முனை உள்ள பிளக்தான் உள்ளே போகும். தேநீர் போட வந்தவர் கெட்டிலைச் செருகப் பார்த்தால் ஏறாது. சிவப்பு பிளக்கோ சாதாரண சாக்கெட்டில் ஏறும், அதனால் கெடுதல் இல்லை. அறிவிப்புப் பலகை தேவைப்படவில்லை, துளையின் வடிவமே பேசிவிடுகிறது. ஆனால் பிளக்கைக் கழற்றி, பழுப்பு நிற ஒயரையும் நீல ஒயரையும் உள்ளே மாற்றி முடுக்கியவரை இந்த வடிவம் தடுக்காது. எந்தத் தடையும் தனக்கென்று குறித்த ஒரு பிசகை மட்டுமே மறிக்கும்.

பாதித் தடைக்கு உதாரணம் வேண்டுமானால் பெட்ரோல் நிலையம். ஈயமில்லாப் பெட்ரோல் வண்டியின் வாய் குறுகல். டீசல் குழாயின் முனை பருமன், நுழையாது. மறுபக்கம் திறந்துகிடக்கிறது. மெல்லிய பெட்ரோல் முனை டீசல் பாக்கியின் வாயில் தாராளமாகப் போகும். வண்டிக்குள் இருக்கும் டீசல் பம்புக்கு டீசலேதான் எண்ணெய்ப்பசை. பெட்ரோல் அதைக் கழுவிவிட, உலோகம் உலோகத்தில் உரசித் தேயும். இங்கே ஊழியர்தான் எரிபொருள் போடுவார் என்பதால் பிசகுவது அவர் கை, பில் வருவது வண்டிக்காரருக்கு.

ஷிங்கோ தடைகளை மூன்று வழியாகப் பிரித்தார். முதலாவது வடிவத்தடை: பொருள் தொடும் இடம், அளவு, துளை ஆகியவற்றால் மறிப்பது. பிளக் இந்த வகை. இரண்டாவது எண்ணிக்கைத்தடை: இத்தனை இருக்கவேண்டும் என்பது குறையும்போது காட்டுவது. ஸ்பிரிங் தட்டு இது. மூன்றாவது படித்தடை: முந்தைய படி முடியாமல் அடுத்தது திறக்காது. பணம் எடுக்கும் இயந்திரங்கள் பல, அட்டையை நாம் உருவிக்கொண்ட பிறகே பணத்தை நீட்டுவது இதனால்தான். இந்த மூன்றும் ஒன்று வேலையை நிறுத்தும், அல்லது விளக்கு, மணி வைத்து எச்சரிக்கும். நிறுத்தும் தடை, எச்சரிக்கும் தடை என்றே சொல்லலாம். என் கணக்கில் எச்சரிக்கும் தடை பாதித் தடைதான். ஒரு ஷிப்டில் இருபது முறை கத்தும் மணியை இருபத்தோராவது முறை யாரும் கேட்பதில்லை.

சிறு தொழிலில் இது எப்படி அமையும் என்பதற்கு மசாலா கலக்கும் மேசையை எடுத்துக்கொள்வோம். 20 கிலோ கலவை: மிளகாய் 8, கொத்தமல்லி 6, சீரகம் 2.5, சோம்பு 1.5, மஞ்சள் 1, வெந்தயம் 0.5, பட்டையும் கிராம்பும் சேர்த்து 0.5. நடக்கும் பிசகு: பேச்சுவாக்கில் ஒன்று விட்டுப்போவது, அல்லது இரண்டு முறை விழுவது. பலரும் முதலில் செய்வது, முடிவில் எடை பார்ப்பது. 19.5 காட்டினால் ஏதோ குறைகிறது என்று தெரியும். ஆனால் வெந்தயம் இரண்டு முறை விழுந்து பட்டை விட்டுப்போனால்? தராசு அழகாக 20 காட்டும். கறி கசக்கும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

ஆகவே ஷிங்கோவின் தட்டைப் பெரிதாக்க வேண்டும். ஏழு குழி வெட்டிய பலகை, ஒவ்வொன்றின் அளவுக்கேற்ப ஏழு பாத்திரம். எல்லாம் நிரம்பிப் பலகையில் உட்கார்ந்த பிறகே பீப்பாயில் கொட்டத் தொடங்குவது. கொட்டிய பாத்திரத்தைக் குழியில் கவிழ்த்து வைத்தால், நிமிர்ந்து நிற்பது இன்னும் கொட்டாதது. ஒரே எடையுள்ள வெந்தயத்துக்கும் பட்டைக்கும் ஒரே மாதிரிப் பாத்திரம் கொடுத்தால் பழைய ஓட்டை திரும்பவரும். ஒன்று வட்டம், ஒன்று சதுரம். வெந்தய டப்பாவின் வாய்க்குக் கீழே ஒரு வளையம் மாட்டி, அதில் வட்டப் பாத்திரம் மட்டுமே உட்காரும்படி செய்துவிட்டால் நிரப்பும்போதே மாறாது. வண்ணம் பூசி வேறுபடுத்துவது போதாது. வண்ணம் எச்சரிக்கும், மறிக்காது. முடிவில் எடையும் பாருங்கள், அது வேறு பிசகுக்கு.

தடை அமைக்கும்போது முதல் வேலை பிசகை ஒரே வாக்கியத்தில் எழுதுவது: ‘மூன்றாம் படியில் தாங்கி (பிராக்கெட்) தலைகீழாகப் பொருந்திவிடுகிறது.’ யார் செய்தார் என்ற பேச்சு வேண்டாம். பிறகு அது எந்த இடத்தில் பழுதாகிறது என்று பார்ப்பது. வெல்டிங் வைத்தபின் தெரிந்து பயனில்லை, அதற்கு முன்னால் மறிக்க வேண்டும். தாங்கியில் 8 மி.மீ. துளை இரண்டு சமச்சீராக இருந்தால் 180 பாகை திருப்பியும் வைக்கலாம். ஒரு துளையை 10 மி.மீ. ஆக்கி, உறுப்பைப் பிடித்துவைக்கும் ஜிக்கில் அதற்கு ஈடாகப் பருமனான ஊசி வைத்தால் தலைகீழாக ஏறாது. வேறுபாட்டை அரை மி.மீ. என்று கஞ்சத்தனமாக வைக்கக் கூடாது. துளை கொஞ்சம் பெரிதாக வெட்டப்பட்டிருக்கும், ஊசி ஆறு மாதத்தில் தேயும், இரண்டும் சேர்ந்து தடையைத் தின்றுவிடும்.

தடை தோற்பது பெரும்பாலும் இப்படித்தான்: சென்சாரில் எண்ணெயும் இரும்புத்தூளும் படிந்து நல்ல உறுப்பையும் தள்ளும், எண்ணிக்கை முடிக்க வேண்டிய அவசரத்தில் யாரோ அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுவார், லைன் ஓடும், விளக்கு பச்சை, தடை செத்துப்போனது யாருக்கும் தெரியாது. டேப் ஒட்டியவரைத் தேடுவதைவிட, சென்சார் ஏன் பொய்யாகத் தள்ளியது என்று தேடுவதுதான் வேலை. இன்னொன்று மாடல் மாறும்போது: புதிய உறுப்பு வரும், பழைய ஊசியை அறுத்துவிடுவார்கள், மாற்று வைக்க மறப்பார்கள்.

இதற்கு மருந்து சோதனைத் துண்டு. வேண்டுமென்றே தப்பாகச் செய்து, சிவப்பு பூசி, எண் போட்டு வைத்த ஓர் உறுப்பு. ஷிப்ட் தொடங்கும்போது அதை வைத்துப் பார்க்க வேண்டும். இயந்திரம் ஏற்க மறுத்தால் தடை உயிரோடு இருக்கிறது. ஏற்றுக்கொண்டால் லைனை நிறுத்தி, கடைசியாகத் தேறிய சோதனைக்குப் பிறகு செய்த எல்லாவற்றையும் ஒதுக்கிப் பார்க்க வேண்டும். சிவப்புத் துண்டு திரும்பி ஆணியில் தொங்குகிறதா என்பதும் முக்கியம். அது நல்ல உறுப்புகளோடு வண்டியேறிய கதைகளும் உண்டு.

சொல்லைப் புழங்கும்போது ‘பிசகுத்தடை வை’, ‘பிசகுத்தடை போடு’ இரண்டும் சரி. கருவியில் ஒட்டும் சீட்டு இவ்வளவு சுருக்கமாக இருந்தால் போதும்: ‘பிசகுத்தடை 4. வலது தாங்கி மட்டும் பொருந்தும். சோதனைத் துண்டு: ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும்.’