செயலியின் வேகம் ஓர் எண்ணல்ல: அடிப்படை அதிர்வெண்ணையும் டர்போவையும் கெர்னல் காட்டும் விதம்

லினக்ஸ் இயங்கும் ஒரு கணினியில் செயலியின் பெயரைக் கேட்டால், பெயரின் கடைசியில் 2.40 கிகாஹெர்ட்ஸ் என்ற எண்ணும் சேர்ந்து வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதே கணினியில் உச்ச அதிர்வெண்ணுக்கான கோப்பைத் திறந்தால் 4000000 என்று இருக்கும். இது கிலோஹெர்ட்ஸ் கணக்கு, அதாவது 4 கிகாஹெர்ட்ஸ். தற்போது ஓடும் வேகத்தைக் கேட்டால் 3500000-ஐ ஒட்டிய ஏதோ ஓர் எண் வரும். மறுமுறை கேட்கும்போது அது மாறியிருக்கும். இவற்றில் எது உண்மையான வேகம் என்ற ஐயம் இயல்பாகவே எழும். மூன்றும் உண்மைதான், ஆனால் மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். முதலாவது தயாரிப்பாளர் கொடுக்கும் உறுதி. இரண்டாவது சூழ்நிலை இடங்கொடுத்தால் எட்டக்கூடிய வரம்பு. மூன்றாவது அளந்து கண்ட மதிப்பு. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பயனரிடம் சேர்ப்பதுதான் இயங்குதளத்தின் மையமான கெர்னலில், செயலியின் வேகத்தைக் கையாளும் நிரலான அதிர்வெண் டிரைவரின் மிகக் கடினமான பொறுப்பு என்று நான் கருதுகிறேன்.

அடிப்படை அதிர்வெண் என்று தனியாக ஒன்று ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு சுற்று உண்ணும் மின்திறன் அதிர்வெண்ணுக்கும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கிறது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். இரண்டையும் 10 விழுக்காடு கூட்டினால் மின்திறன் ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும், அவ்வளவும் வெப்பமாகவே வெளியேறியாக வேண்டும். செயலிக்குள் தனித்தனியே கணக்கிடும் அலகுகளான கோர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கடுமையாக உழைத்தாலும், குறிப்பிட்ட வெப்ப வரம்புக்குள் நின்று தொடர்ந்து தாக்குப்பிடிக்கக்கூடிய வேகமே அடிப்படை அதிர்வெண். ஆனால் நடைமுறையில் எல்லாக் கோர்களும் எப்போதும் உழைப்பதில்லை. நான்கில் மூன்று தூங்கும்போது, அவை பயன்படுத்தாத மின்திறனையும் வெப்ப இடத்தையும் விழித்திருக்கும் கோருக்குக் கொடுத்து அதை விரைவுபடுத்தலாம். இன்டெல் 2008 நவம்பரில் வெளியிட்ட முதல் கோர் ஐ7 செயலிகளில் இந்த ஏற்பாடு டர்போ பூஸ்ட் என்ற பெயரில் வந்தது. அவற்றுள் ஒன்றான 920, அடிப்படையில் 2.66 கிகாஹெர்ட்ஸில் ஓடும். ஒரே கோர் உழைக்கும்போது 2.93 வரை செல்லும். 133 மெகாஹெர்ட்ஸ் அடிக் கடிகாரத்தை (கோரின் வேகங்கள் இதன் மடங்குகளே) 20 ஆல் பெருக்கினால் முதல் எண்ணும், 22 ஆல் பெருக்கினால் இரண்டாவது எண்ணும் கிடைக்கின்றன. அன்று இரண்டு படிகளாக இருந்த இடைவெளி, இன்று சில மடிக்கணினிச் செயலிகளில் அடிப்படை வேகத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக விரிந்துவிட்டது.

இந்தப் பெருக்கெண்கள் செயலிக்குள்ளேயே, மாடல் சார்ந்த பதிவகங்கள் எனப்படும் 64 பிட் இடங்களில் பதிந்திருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டை அருகில் சென்று பார்ப்போம். மேடைத் தகவல் பதிவகத்தின் கீழ்ப்பகுதி, 16 அடிமானத்தில் 1800 என்று இருப்பதாகக் கொள்வோம். அதில் 8 முதல் 15 வரையிலான பிட்டுகளில் உள்ள 18 தான் டர்போ இல்லாத உச்சப் பெருக்கெண். 16 அடிமானத்து 18 என்பது வழக்கமான கணக்கில் 24. சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து அடிக் கடிகாரம் 100 மெகாஹெர்ட்ஸ் என்பதால், அடிப்படை அதிர்வெண் 2400 மெகாஹெர்ட்ஸ். டர்போ வரம்புப் பதிவகத்தில் 25262728 என்று இருந்தால், அதை வலக்கோடியிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படிக்க வேண்டும். 28 என்பது 40, எனவே ஒரே கோர் விழித்திருந்தால் 4000 மெகாஹெர்ட்ஸ். அடுத்த 27 என்பது 39. இரண்டு கோர்கள் விழித்திருந்தால் 3900. மூன்றுக்கு 3800, நான்குக்கு 3700. ஆக, டர்போ அதிர்வெண் என்று நாம் ஒருமையில் சொல்வது உண்மையில் ஒரு சிறு அட்டவணை. உச்ச அதிர்வெண் கோப்பில் தெரிவது அதன் முதல் வரி மட்டுமே. நான்கு கோர்களையும் உழைக்க விட்டுவிட்டு 4 கிகாஹெர்ட்ஸை எதிர்பார்ப்பவர் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

இவ்வளவு எளிய கணக்கென்றால், ஒவ்வொரு நிரலும் தானே பதிவகத்தைப் படித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பதிவகத்தைப் படிக்கும் ஆணை கெர்னலின் சிறப்புரிமை நிலையில் மட்டுமே செல்லுபடியாகும். சாதாரண நிரல் அதை இட்டால் செயலியே மறுத்துவிடும். லினக்ஸில் பதிவகங்களை நேரடியாகத் திறந்துகாட்டும் ஒரு டிரைவர் இருந்தாலும், அது ரூட் எனப்படும் நிர்வாகப் பயனருக்கு மட்டுமே உரியது. இந்தக் கட்டுப்பாடு தேவையானதுதான். ஆற்றல் செலவைக் காட்டும் எண்ணியைக்கூட வைத்து மறைகுறியீட்டுச் சாவிகளைக் கண்டறிய முடியும் என்பதை 2020 நவம்பரில் வெளியான பிளாட்டிபஸ் என்ற ஆய்வு காட்டியபோது, லினக்ஸ் அந்தக் கோப்பைச் சாதாரணப் பயனர்களிடமிருந்து மூட வேண்டியதாயிற்று. ஆகவே கெர்னல் எதைப் பொதுவில் வைப்பது என்று தேர்ந்து, கெர்னலின் தகவல்களைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸின் 'ஒரு கோப்புக்கு ஒரு மதிப்பு' என்ற மரபின்படி, எவரும் படிக்கக்கூடிய கோப்புகளாக ஒவ்வொரு கோரின் அடைவுக்குள்ளும் அடுக்கி வைக்கிறது.

பழைய முறையில் நேர்ந்த ஒரு குழப்பம் இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் சுவையானது. பல ஆண்டுகள் லினக்ஸும் பிற இயங்குதளங்களும், வன்பொருளின் ஆற்றல் மேலாண்மைக்கான ஏசிபிஐ வரையறைப்படி, கணினியிலேயே பதிந்துவரும் மென்பொருளான ஃபர்ம்வேர் கொடுக்கும் செயல்திறன் நிலைப் பட்டியலையே நம்பியிருந்தன. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு நிலைக்கும் ஒரே ஓர் அதிர்வெண்தான் எழுத முடியும். டர்போவுக்கோ நிலையான அதிர்வெண் இல்லை. எனவே ஒரு தந்திரம் கையாளப்பட்டது: அடிப்படை அதிர்வெண்ணோடு 1 மெகாஹெர்ட்ஸைக் கூட்டி, டர்போவுக்கான அடையாளமாகப் பட்டியலின் தலையில் வைத்தார்கள். 2400 மெகாஹெர்ட்ஸ் செயலியில் 2401 என்ற நிலை வந்தால், வன்பொருள் தன் விருப்பப்படி எவ்வளவு வேகமாகவும் ஓடலாம் என்று பொருள். லினக்ஸின் ஏசிபிஐ சிபியுஃப்ரெக் டிரைவர் இந்த எண்ணை அப்படியே 2401000 என்று பயனரிடம் நீட்டியது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்திலும் அதிர்வெண் பட்டியலின் தலையில் இதே 2401 நின்றது. இதன் உட்பொருள் தெரியாதவர், 2.4 கிகாஹெர்ட்ஸ் செயலி எப்படியோ 1 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாகப் பெற்றிருக்கிறது என்றோ, டர்போ வேலையே செய்யவில்லை என்றோ முடிவு செய்தார். செயலியோ அந்த நேரத்தில் 3.7 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்திருக்கும். ஒரு குறியீட்டை அளவீட்டின் இடத்தில் வைத்ததால் விளைந்த பிழை இது.

2013-இல் லினக்ஸ் 3.9-உடன் வந்த இன்டெல் பிஸ்டேட் டிரைவர், ஃபர்ம்வேரின் பட்டியலை ஒதுக்கிவிட்டு நேராகப் பதிவகங்களிடமே சென்றது. அதன் அடைவில் 'நோ_டர்போ' என்றொரு கோப்பு உண்டு. அதில் 1 என்று எழுதினால், டிரைவர் அடிப்படை அதிர்வெண்ணுக்கு மேல் எதையும் கேட்காது. கணினி தொடங்கும்போது இயங்கும் ஃபர்ம்வேரான பயாஸிலேயே டர்போ அணைக்கப்பட்டிருந்தால், அந்தக் கோப்பில் எழுதும் முயற்சியைக் கெர்னல் ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். 'டர்போ_பிசிடி' என்ற கோப்பு, மொத்தப் படிகளில் எத்தனை விழுக்காடு டர்போ பகுதியில் இருக்கிறது என்று சொல்கிறது. நம் எடுத்துக்காட்டுச் செயலியின் குறைந்த பெருக்கெண் 8 என்று கொண்டால், 8 முதல் 40 வரை 33 படிகள்; அவற்றில் 8 முதல் 24 வரையிலான 17 படிகள் டர்போ அல்லாதவை; கோப்பில் 49 என்று வரும். செயலியின் கிட்டத்தட்டப் பாதி வீச்சு உறுதியளிக்கப்படாத பகுதியில் கிடக்கிறது என்பதை இந்த ஓர் எண் விளங்க வைத்துவிடுகிறது.

ஆயினும் அடிப்படை அதிர்வெண்ணை நேராகச் சொல்லும் கோப்பு இந்த டிரைவரிலேயே நெடுநாள் இல்லை. அதுவரை, செயலியின் பெயரில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பிய்த்தெடுத்து அதையே அடிப்படை அதிர்வெண்ணாகக் கொள்ளும் நிரல்கள் இருந்தன. பெயர் என்பது விற்பனைக்கான சொற்றொடர். ஏஎம்டி செயலிகள் பலவற்றின் பெயரில் அந்த எண்ணே கிடையாது, இன்டெலும் பின்னர் பல செயலிகளில் அதை விட்டுவிட்டது. பின்னாளில் சேர்க்கப்பட்ட 'பேஸ்_ஃப்ரீக்வென்சி' என்ற கோப்பு இந்தக் குறையைத் தீர்த்தது. வன்பொருளே தன் வேகத்தைத் தீர்மானிக்கும் முறை இயங்கும்போது, இந்த டிரைவர் ஒவ்வொரு கோருக்கும் உறுதியளிக்கப்பட்ட செயல்திறன் எவ்வளவு என்பதை முதலில் ஏசிபிஐ வழியாகக் கேட்கிறது. அங்கே விடை இல்லையென்றால் செயலியின் திறன் பதிவகத்தைப் படிக்கிறது. கிடைத்ததை அதிர்வெண்ணாகப் பெருக்கித் தருகிறது. இந்த உறுதியும் கல்லில் செதுக்கியது அல்ல. சில சர்வர் செயலிகளில் ஒரு சில கோர்களின் அடிப்படை அதிர்வெண்ணை உயர்த்தி, அதற்கு ஈடாக மற்றவற்றினதைத் தாழ்த்த முடியும். அத்தகைய கணினியில் தாமதத்தைத் தாங்காத ஒரு பணியை எந்தக் கோரில் அமர்த்துவது என்பதை, ஒவ்வொரு கோரின் அடைவிலும் உள்ள இந்தக் கோப்பைப் படித்துத்தான் தீர்மானிக்க முடியும். செயலிக்குப் பொதுவாக ஒரே கோப்பு வைத்திருந்தால் அது பொய்யாகிவிடும்.

ஏஎம்டி செயலிகளுக்கு முன்பு 'பூஸ்ட்' என்ற ஒற்றை ஆளிதான் இருந்தது: 0 அல்லது 1. 2022-இல் லினக்ஸ் 5.17-உடன் ஏஎம்டி பிஸ்டேட் டிரைவர் வந்தது. அது, அதிர்வெண் என்ற அலகையே விட்டுவிட்டு, அலகில்லாத செயல்திறன் எண்களில் பேசும் ஏசிபிஐயின் சிபிபிசி முறையைப் பயன்படுத்துகிறது. இயல்பு செயல்திறனுக்கு உரிய அதிர்வெண் தெரிந்தால், உச்ச செயல்திறனுக்கும் இயல்பு செயல்திறனுக்கும் உள்ள விகிதத்தால் அதைப் பெருக்கி உச்ச அதிர்வெண்ணைக் கணிக்கலாம். இங்கே உச்ச அதிர்வெண் என்பது படித்தெடுத்த மதிப்பன்று, கணக்கிட்ட மதிப்பு; ஃபர்ம்வேர் கொடுக்கும் எண்கள் தவறினால் அதுவும் தவறிவிடும்.

இனி அளந்து காணும் வேகம். ஒவ்வொரு கோரிலும் இரண்டு எண்ணிகள் உள்ளன. எம்பெர்ஃப் என்பது அடிப்படை அதிர்வெண்ணை ஒட்டிய நிலையான வேகத்திலும், ஏபெர்ஃப் என்பது கோர் உண்மையில் ஓடும் வேகத்திலும் கூடிக்கொண்டே போகும். ஒரு நொடி இடைவெளியில் எம்பெர்ஃப் 24 மில்லியனும் ஏபெர்ஃப் 35 மில்லியனும் கூடியிருந்தால், 2400-ஐ 35 ஆல் பெருக்கி 24 ஆல் வகுத்து 3500 மெகாஹெர்ட்ஸ் என்று பெறலாம். அடிப்படை அதிர்வெண் தெரியாமல் நிகழ்வேகத்தைக் கணிக்க முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். இன்னொரு நுட்பமும் இங்கே இருக்கிறது: கோர் தூங்கும்போது இரண்டு எண்ணிகளும் நின்றுவிடுகின்றன. மேற்சொன்ன 24 மில்லியன் துடிப்புகள் வெறும் 10 மில்லிநொடி உழைப்பு. அந்த நொடியின் மீதி 990 மில்லிநொடி கோர் தூங்கியிருந்தாலும் விடை 3500 தான். எனவே இது விழித்திருந்த நேரத்தின் சராசரி வேகமே தவிர, கோர் எவ்வளவு உழைத்தது என்பதற்கான அளவு அல்ல. ஒன்றும் செய்யாத கணினி 3.5 கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறதே என்று அஞ்சுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

கேட்பதே விடையை மாற்றிவிடும் அபாயமும் உண்டு. தூங்கும் கோரின் எண்ணிகளைப் படிக்க அதை எழுப்ப வேண்டும். நூறு கோர்கள் உள்ள சர்வரில் ஒவ்வொரு நொடியும் எல்லாவற்றையும் எழுப்பினால் தூக்கத்தால் சேமித்த ஆற்றல் வீணாகும், டர்போவுக்கு இருந்த இடமும் சுருங்கும். இதனால் லினக்ஸ், கோர் விழித்திருக்கும்போது வரும் வழக்கமான கடிகாரக் குறுக்கீட்டின் போதே எண்ணிகளைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பயனர் கேட்கும்போது அந்தக் குறிப்பு 20 மில்லிநொடிக்கு மேல் பழையதாக இருந்தால், அதை நிகழ்வேகம் என்று காட்டாமல் வேறு வழியில் கிடைக்கும் மதிப்பைத் தருகிறது.

2021-இல் வந்த ஆல்டர் லேக் முதலான இன்டெலின் கலப்புச் செயலிகள் இந்தப் பொறுப்பை மேலும் கூர்மையாக்கியிருக்கின்றன. ஒரே செயலியில் பெரிய கோர்களும் சிறிய கோர்களும் இருக்கும். இரண்டுக்கும் அடிப்படை அதிர்வெண்ணும் வேறு, டர்போவும் வேறு. மேலும் வன்பொருள் பேசும் செயல்திறன் படி சிறிய கோரில் 100 மெகாஹெர்ட்ஸாக இருக்க, ஆல்டர் லேக் செயலிகளின் பெரிய கோரில் அது 78.741 மெகாஹெர்ட்ஸ். பெரிய கோர் தன் உச்சப் படி 60 என்று சொன்னால், டிரைவர் அதை 78741 ஆல் பெருக்கி 4724460 கிலோஹெர்ட்ஸ் என்று கண்டு, 100 மெகாஹெர்ட்ஸின் மடங்காகக் கீழ்நோக்கி முழுமையாக்கி, 4700000 என்று கோப்பில் வைக்கிறது. பழைய வழக்கப்படி 100 ஆல் பெருக்கியிருந்தால் கோப்பில் 6 கிகாஹெர்ட்ஸ் என்று வந்திருக்கும். முன்பு சொன்ன 'டர்போ_பிசிடி' கோப்பு இந்தச் செயலிகளில் இருக்காது. இரு வகைக் கோர்களுக்கும் பொதுவாக ஒரே விழுக்காட்டைச் சொல்ல வழியில்லாததால், கெர்னல் அந்தக் கோப்பை உருவாக்குவதே இல்லை.